சோடா சாக்கலேட் கேக்

சோடா சாக்கலேட் கேக் என்பது முட்டையும் வெண்ணெயும் இல்லாமல், சமையல் சோடாவும் ஒரு புளிப்புப் பொருளும் சேர்ந்து உண்டாக்கும் வளிமத்தால் உப்பச் செய்யப்படும் எளிய வீட்டு இனிப்பு ஆகும். கேக் என்பதற்கு அணிச்சல் என்னும் தமிழ்ச் சொல்லும் எழுத்து வழக்கில் உண்டு. எனினும் கடைத்தெருவில் எவரும் அணிச்சல் என்று கேட்டு வாங்குவதில்லை என்பதால் இக்கட்டுரையில் கேக் என்றே எழுதப்படுகிறது. திண்டுக்கல் நகரிலும் அதைச் சுற்றியுள்ள சமவெளி ஊர்களிலும், தமிழகத்தின் பிற பகுதிகளைப் போலவே, பெரும்பாலான வீடுகளில் ஓவன் இல்லை. ஆகையால் இது எரிவாயு அடுப்பின் மேல் குக்கரிலோ கனமான பாத்திரத்திலோ வேகவைக்கப்படுகிறது.

இதன் செய்முறை எளிது. ஆனால் சோடாவின் அளவை மட்டும் கைப்பழக்கத்துக்கு விட்டுவிட இயலாது. எவ்வளவு புளிப்பு உள்ளதோ அவ்வளவே சோடா சேர்க்க வேண்டும்.

வரலாறு

முட்டை, வெண்ணெய், பால் ஆகியவை கிடைக்காத காலத்தில் தோன்றிய கேக் இது. அமெரிக்காவில் முதலாம் உலகப் போர்க் காலத்திலோ 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தின் போதோ பரவியது என்று பொதுவாகக் கூறப்படுகிறது. அங்கு இதற்குக் கிறுக்குக் கேக் என்ற பொருள்படும் பட்டப்பெயரும் உண்டு. மூலச் செய்முறையில் தண்ணீரும் வினிகரும் சேர்ப்பர். தமிழ்நாட்டில் இது விரும்பப்படுவதற்குக் காரணம் வேறு. முட்டை உண்ணாத வீடுகளிலும் பிறந்தநாள் கொண்டாடப்படுகிறது. வினிகர் இல்லாத வீட்டிலும் தயிர் இருக்கிறது.

கொக்கோ இம்மாவட்டத்துக்கு அயலான பயிரும் அன்று. திண்டுக்கல், தேனி, கோயம்புத்தூர் மாவட்டங்களில் தென்னந்தோப்புகளில் இது ஊடுபயிராக வளர்க்கப்படுகிறது. தோப்பில் நொதிக்கவைத்து உலர்த்திய விதை ஆலைகளுக்குச் சென்று, தூளாகி, டப்பாவில் அடைபட்டுத் திண்டுக்கல் மளிகைக் கடைக்குத் திரும்பி வருகிறது.

சோடா என்னும் பெயரால் வரும் குழப்பம்

தமிழில் சோடா என்ற ஒரே சொல் குறைந்தது நான்கு பொருள்களைக் குறிக்கிறது. ஆப்பச் சோடா, சோடா உப்பு, சமையல் சோடா என்பன சோடியம் பைகார்பனேட்டைக் குறிக்கும். சலவைச் சோடா அல்லது துணிச் சோடா என்பது சோடியம் கார்பனேட்டு. காஸ்டிக் சோடா என்பது சோடியம் ஹைட்ராக்சைடு. இது தோலையும் உணவுக்குழாயையும் அரித்துவிடும். நான்காவது, குப்பியில் வரும் குடிக்கும் சோடா. தொடக்க காலத்தில் சோடியம் உப்புகள் சேர்த்துச் செய்யப்பட்டதால் அந்தப் பானத்துக்கும் இப்பெயரே நிலைத்துவிட்டது.

கேக்குக்கு உரியது முதலாவது மட்டுமே. ஆப்பச் சோடாவும் துணிச் சோடாவும் வெண்ணிறமானவை. சில்லறையில் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தால் கண்ணால் பிரித்தறிவது கடினம். திண்டுக்கல்லை அடுத்த சின்னாளப்பட்டி சேலைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். சாயமிடும் தொழிலில் சோடியம் கார்பனேட்டு பெருமளவு பயன்படுகிறது என்பதால் இத்தகைய ஊர்களில் இக்குழப்பத்துக்கு வாய்ப்பு அதிகம். எலுமிச்சைச் சாற்றை விட்டுப் பார்க்கும் சோதனையை நம்பக் கூடாது. இரண்டுமே நுரைக்கும். மஞ்சள் தூளை இரண்டுமே சிவக்கச் செய்யும். சமையல் சோடா என்று அச்சிடப்பட்டு, உணவுச் சேர்க்கை எண் 500(ii) குறிக்கப்பட்ட முத்திரையிட்ட பொட்டலத்தை வாங்குவதே பாதுகாப்பானது. பிரித்த பின் பெயர் எழுதிய தனிப் புட்டியில் வைத்தல் வேண்டும்.

சோடா செயல்படும் முறை

சமையல் சோடா ஒரு மென்காரம். ஈரத்தில் அமிலத்துடன் சேரும்போது கரியமில வாயு வெளிப்படுகிறது. மாவுக் கலவையில் சிக்கிய இவ்வாயுக் குமிழ்கள் சூட்டில் விரிகின்றன. அதே வேளையில் மாவின் புரதமும் மாச்சத்தும் வெந்து குமிழ்களைச் சுற்றி இறுகுகின்றன. இவ்வாறே கேக்கின் பஞ்சு போன்ற அமைப்பு உருவாகிறது.

ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவின் எடை ஏறத்தாழ 5 கிராம். முக்கால் தேக்கரண்டி, அதாவது சுமார் 3.5 கிராம் சோடா, போதிய அமிலத்துடன் முழுமையாக வினைபுரிந்தால் அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 1 லிட்டர் கரியமில வாயு கிடைக்கும். கீழே தரப்பட்டுள்ள கலவையின் கனஅளவே முக்கால் லிட்டருக்குக் குறைவு என்பதை நோக்கினால் இது எவ்வளவு பெரிது என்பது விளங்கும்.

அமிலம் இல்லாவிட்டாலும் சோடா சூட்டினால் சிதைந்து வாயுவைத் தரும். ஆனால் பாதியளவே தரும். மீதிப் பாதி சோடியம் கார்பனேட்டாகக் கேக்கினுள் தங்கிவிடுகிறது. அதாவது, நல்ல சமையல் சோடாவையே வாங்கியிருந்தாலும், அளவு மிஞ்சினால் கேக்கினுள்ளேயே சிறிதளவு சலவைச் சோடா உண்டாகிறது. வீட்டில் செய்த கேக்கில் சில வேளைகளில் தென்படும் சோப்புச் சுவைக்கும் நாக்கைக் கரிக்கும் தன்மைக்கும் காரணம் இதுவே. கேக் உப்பவில்லை என்று அடுத்த முறை இன்னும் கொஞ்சம் சோடா போடுவது பெரும்பாலும் தவறான மருந்து. புளிப்பைக் கூட்டிப் பார்ப்பதே முறை.

புளிப்பின் கணக்கு பின்வருமாறு. ஓரளவு புளித்த தயிரில் சுமார் 1 விழுக்காடு லாக்டிக் அமிலம் உண்டு. எனவே 200 மில்லி லிட்டர் தயிர் 2 கிராமுக்குச் சற்றுக் குறைவான சோடாவை நடுநிலையாக்கும். ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு ஏறத்தாழ 1 கிராமை நடுநிலையாக்கும். 4 விழுக்காடு வினிகர் ஒரு மேசைக்கரண்டி சேர்த்தால் 0.8 கிராம் அளவுக்கே போதும். எஞ்சும் சிறு அளவைக் கொக்கோவின் இயல்பான அமிலத்தன்மை ஏற்றுக்கொள்ளும்.

இங்கு ஒரு சிக்கல் உண்டு. கொக்கோத் தூள் இரு வகைப்படும். இயல்பான தூள் அமிலத்தன்மை உடையது. காரம் சேர்த்துப் பதப்படுத்திய தூள் அடர்நிறமாகவும் கசப்புக் குறைந்தும் இருக்கும். ஆனால் அதில் அமிலம் பெரும்பாலும் நீங்கியிருக்கும். டப்பாவின் சேர்மானப் பட்டியலில் அமிலத்தன்மை சீராக்கி 500 அல்லது 501 என்று இருந்தால் அது இரண்டாம் வகை. அப்போது சோடாவை அரைத் தேக்கரண்டியாகக் குறைத்துக்கொள்வது நல்லது.

பேக்கிங் பவுடர் என்பது வேறு பொருள். அதில் சோடாவுடன் உலர் அமிலமும் மாச்சத்தும் கலந்துள்ளன. ஒரு தேக்கரண்டி சோடாவின் வேலையைச் செய்ய அது ஏறத்தாழ மூன்று தேக்கரண்டி வேண்டும்.

தேவையான பொருட்கள்

மைதா – ஒன்றரைக் கோப்பை (190 கிராம்)
கொக்கோத் தூள் – கால் கோப்பை (25 கிராம்)
சர்க்கரை – 1 கோப்பை (200 கிராம்)
சமையல் சோடா – தட்டையாக வழித்த முக்கால் தேக்கரண்டி
உப்பு – கால் தேக்கரண்டி
புளித்த தயிர் – 200 மில்லி லிட்டர்
தண்ணீர் – 60 மில்லி லிட்டர்
எலுமிச்சைச் சாறு – 1 மேசைக்கரண்டி
மணமில்லாத சமையல் எண்ணெய் – 80 மில்லி லிட்டர்
வனிலா எசன்சு – 1 தேக்கரண்டி

சர்க்கரையில் பாதிக்குப் பதிலாகப் பழனி, நெய்க்காரப்பட்டிப் பகுதிகளில் கிடைக்கும் நாட்டுச் சர்க்கரையைச் சேர்க்கலாம். கேக் சற்று ஈரமாகவும் கருமையாகவும் அமையும். தண்ணீருக்குப் பதிலாக நன்கு கனிந்த சிறுமலை வாழைப்பழம் ஒன்றை மசித்துச் சேர்ப்பதும் நன்று. நல்லெண்ணெயைத் தவிர்ப்பது நலம். அதன் மணம் கொக்கோவை மறைத்துவிடும்.

கிணற்று நீரின் உப்புத்தன்மை கேக்கைக் கெடுக்குமா என்ற ஐயம் எழலாம். சேர்க்கப்படுவது 60 மில்லி லிட்டர் மட்டுமே ஆதலால் கடின நீரானாலும் வேறுபாடு தெரியாது. குடிக்கத் தகுந்த நீர் எதுவும் போதும்.

செய்முறை

மைதா, கொக்கோ, சோடா, உப்பு ஆகியவற்றை ஒன்றாகச் சேர்த்து இரண்டு முறை சலிக்க வேண்டும். சோடா கட்டியாக நின்றுவிட்டால் அந்த இடத்தில் மட்டும் கரும்புள்ளியும் கசப்பும் தோன்றும் என்பதால் இப்படியைத் தவிர்க்கக் கூடாது. 18 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டில் எண்ணெய் தடவி மைதா தூவி வைக்க வேண்டும். அடுப்பையும் பாத்திரத்தையும் முன்னதாகவே சூடாக்கிவிட வேண்டும்.

தயிரைக் கடைந்து அதில் சர்க்கரை, எண்ணெய், தண்ணீர், வனிலா ஆகியவற்றைக் கரைக்க வேண்டும். எலுமிச்சைச் சாற்றைக் கடைசியில் ஊற்றி, உடனே சலித்த மாவைக் கொட்டி, உலர்மாவு தெரியாத அளவுக்கு மட்டும் கலக்க வேண்டும். கலந்த நொடியிலிருந்தே வாயு வெளியேறத் தொடங்கிவிடுகிறது. இட்லி மாவைப் போல வைத்திருந்து ஊற்றும் மாவு அன்று இது. ஐந்து நிமிடங்களுக்குள் தட்டில் ஊற்றி அடுப்பில் ஏற்றிவிட வேண்டும். நீண்ட நேரம் அடித்துக் கலக்கினால் வாயு போவதோடு மைதாவின் பசையம் இறுகிக் கேக் ரப்பர் போலாகும். தட்டைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது.

ஓவனில் 180 பாகை செல்சியசில் 30 முதல் 35 நிமிடங்கள் ஆகும். அடுப்பின் மேல் மிதமான சிறுதீயில் 40 முதல் 50 நிமிடங்கள் வரை ஆகலாம். முதல் அரை மணி நேரம் மூடியைத் திறக்கக் கூடாது; திறந்தால் நடுப்பகுதி அமுங்கிவிடும். ஈர்க்குச்சியைச் சுத்தம் செய்து நடுவில் குத்தி எடுத்தால் மாவு ஒட்டாமல் வரவேண்டும். பத்து நிமிடங்கள் ஆறிய பின் கவிழ்த்து எடுக்கலாம்.

குக்கரில் வேகவைக்கும்போது

அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குக் கல்லுப்போ கழுவி உலர்த்திய மணலோ பரப்பி, அதன்மேல் முக்காலி அல்லது சிறு தட்டு ஒன்றை வைத்து, மூடி ஐந்து முதல் பத்து நிமிடங்கள் சூடாக்க வேண்டும். மூடியிலிருந்து ரப்பர் வளையத்தையும் வெயிட்டையும் கட்டாயம் நீக்க வேண்டும். இங்குத் தேவைப்படுவது உலர்சூடு, ஆவியழுத்தம் அன்று. வெயிட்டை விட்டுவைத்தால் மாவிலிருந்து கிளம்பும் நீராவி வெளியேற வழியின்றிக் கேக் களிபோல் ஆவதோடு, வறட்டுச் சூட்டில் ரப்பர் வளையமும் பாதுகாப்பு வால்வும் உருகிக் கெட்டுவிடும். அவ்வாறு கெட்ட குக்கரில் மறுநாள் பருப்பு வைப்பது ஆபத்தானது.

தண்ணீரின்றிச் சூடாக்குவது அலுமினியக் குக்கரின் அடிப்பகுதியை நாளடைவில் கோணச் செய்யும். நாள்தோறும் சமையலுக்குப் பயன்படும் குக்கரை இதற்குப் பயன்படுத்தாமல், பழைய கனமான இரும்புச் சட்டியையோ பெரிய மண்சட்டியையோ இறுக்கமான மூடியுடன் பயன்படுத்துவதே சிறந்தது எனலாம்.

பருவமும் உயரமும்

சித்திரை, வைகாசி மாதங்களில் திண்டுக்கல் சமவெளியில் காலையில் உறை ஊற்றிய பால் மாலைக்குள் நன்றாகப் புளித்துவிடும். மார்கழியில் அவ்வாறில்லை. ஆனால் கேக்குக்குத் தேவை மிகுவதோ கிறித்துமசு வரும் அந்த மார்கழியில்தான். கோடையில் சரியாக வந்த அதே அளவு திசம்பரில் சோப்புச் சுவை தருவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். குளிர்காலத்தில் தயிரை ஒரு நாள் கூடுதலாக வெளியே வைக்கலாம். அல்லது எலுமிச்சைச் சாற்றை ஒன்றரை மேசைக்கரண்டியாக்கலாம்.

இதே மாவட்டத்தில் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் நிலைமை வேறு. அங்குக் காற்றழுத்தம் குறைவு. தண்ணீர் ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதிக்கும். வாயு மிகுதியாக விரிந்து, மாவு இறுகுமுன்னரே குமிழ்கள் உடைந்து, கேக் பொங்கி நடுவில் குழிந்துவிடும். சமவெளி அளவிலிருந்து சோடாவைக் கால் பங்கு குறைத்து, தண்ணீரைச் சிறிது கூட்ட வேண்டும்.

உடல்நலக் குறிப்பு

3.5 கிராம் சமையல் சோடாவில் சுமார் 0.96 கிராம் சோடியம் உள்ளது. கேக்கை எட்டுத் துண்டுகளாக்கினால் ஒரு துண்டுக்குச் சோடாவிலிருந்து மட்டும் 120 மில்லிகிராம் சோடியம் சேரும். குருதி அழுத்தம் உள்ளோர் செய்முறையில் உள்ள உப்பை விட்டுவிடலாம். சோடாவை விட இயலாது.

குடிக்கும் சோடாவைக் கொண்டு செய்யலாமா?

கோலி சோடாவையோ கோலா வகைப் பானத்தையோ ஊற்றிச் செய்யும் கேக்குகளும் உண்டு. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கோலா கேக் புகழ்பெற்றது. தமிழ்நாட்டில் திராட்சைச் சுவையுள்ள பொவண்டோவைக் கொண்டும் இதை முயலலாம். ஆனால் குப்பியிலுள்ள வாயு கேக்கை உப்ப வைக்கும் என்ற எண்ணம் பெரும்பாலும் பொருந்தாது. அவ்வாயு கலக்கும்போதே தப்பிவிடுகிறது.

கோலாவின் பி.எச். மதிப்பு 2.5 அளவில் இருப்பதால் அது கடுமையான புளிப்பு என்று தோன்றும். உண்மையில் அதிலுள்ள பாஸ்போரிக் அமிலத்தின் அளவு மிகச் சிறிது. 200 மில்லி லிட்டர் கோலா ஏறத்தாழ 0.2 கிராம் சோடாவையே நடுநிலையாக்கும். அதே அளவு தயிர் இதைப் போல ஒன்பது மடங்கு செய்யும். கோலா கேக்கின் அமெரிக்கச் செய்முறைகளில் மோரும் சேர்க்கப்படுவது இதனோடு பொருந்துகிறது. இவ்வகைப் பானத்தைப் பயன்படுத்த விரும்புவோர் தயிரை அப்படியே வைத்துக்கொண்டு, 60 மில்லி லிட்டர் தண்ணீருக்குப் பதிலாக மட்டும் பானத்தை ஊற்றி, சர்க்கரையில் ஒரு தேக்கரண்டி குறைத்துக்கொள்ளலாம்.