கம்ப்யூட்டர் வாங்கும் முன்

மாடு வாங்கச் சந்தைக்குப் போகிறோம். கண்ணில் பட்ட முதல் மாட்டையா பிடித்து வருகிறோம்? இல்லை. கறவைக்கா, உழவுக்கா என்று முதலில் முடிவு செய்கிறோம். பல்லைப் பார்க்கிறோம். நடக்கவிட்டுப் பார்க்கிறோம். பிறகுதான் விலை பேசுகிறோம்.

கம்ப்யூட்டர் வாங்குவதும் அப்படித்தான். என்ன வேலைக்கு என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். மாட்டின் வயதைப் பல் சொல்லும். கம்ப்யூட்டரின் வயதை எண் சொல்லும். அந்த எண்ணைப் படிக்கத் தெரிந்தால் போதும். யாரும் நம்மை எளிதில் ஏமாற்ற முடியாது.

வீட்டுக்குள் வந்த வேலை

மைசூர் என்றால் பட்டு, சந்தனம், ஊதுபத்தி நினைவுக்கு வரும். மைசூர் ஊதுபத்திக்குத் தனிப் பெயர் உண்டு. பெண்கள் பலர் வீட்டில் இருந்தபடியே ஊதுபத்தி உருட்டிப் பிழைத்த ஊர் இது.

இன்று மைசூரில் கம்ப்யூட்டர் வேலையும் பெருகியிருக்கிறது. ஹெப்பாள் பகுதியில் இன்போசிஸ் நிறுவனத்தின் பெரிய பயிற்சி வளாகம் இருக்கிறது. ஆனால் கம்ப்யூட்டர் வேலை பெரிய கட்டடங்களுக்குள் மட்டும் இல்லை. கடைகளின் கணக்கைப் பதிய வேண்டும். பில் போட வேண்டும். கடிதம் அடிக்க வேண்டும். இவற்றை வீட்டில் இருந்தும் செய்யலாம்.

மைசூரில் ஒரு தாயும் மகளும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தாய் ஊதுபத்தி உருட்டுகிறார். சமீபத்தில்தான் எழுதப் படிக்கக் கற்றார். மகள் பி.காம். முடித்தவள். மூன்று கடைகளின் கணக்கை வீட்டில் இருந்தே எழுதித் தரும் வேலை அவளுக்குக் கிடைத்திருக்கிறது. அதற்குக் கம்ப்யூட்டர் வேண்டும்.

கையில் சேமிப்பு 25,000 ரூபாய். மகளிர் சங்கத்தில் கடன் 15,000 ரூபாய். மொத்தம் 40,000 ரூபாய். இதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது. தவறான பெட்டி வந்தால் வேலையும் போகும். கடனும் நிற்கும். அவர்கள் எப்படி வாங்க வேண்டும்? பார்ப்போம்.

மேஜைக் கம்ப்யூட்டரா, லேப்டாப்பா?

லேப்டாப்பைக் கையில் எடுத்துப் போகலாம். அதற்குள் பேட்டரி உண்டு. கரண்ட் போனாலும் சில மணி நேரம் ஓடும். ஊர் ஊராகப் போய் வேலை செய்பவருக்கு அது நல்லது.

மேஜைக் கம்ப்யூட்டர் ஒரே இடத்தில் இருக்கும். அதே விலைக்குப் பொதுவாக வேகம் அதிகம் கிடைக்கும். திரை பெரியது. கண்ணுக்குச் சுகம். ஒரு பாகம் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். தினமும் பல மணி நேரம் வீட்டில் உட்கார்ந்து கணக்கு எழுதுபவருக்கு இதுவே ஏற்றது. மகளும் இதையே முடிவு செய்கிறாள்.

கை, பலகை, அலமாரி

கம்ப்யூட்டர் பெட்டிக்குள் மூன்று பாகங்கள் முக்கியம். பிராசசர், ராம், எஸ்.எஸ்.டி. பெயர்கள் புதிதாக இருக்கலாம். ஊதுபத்தி உருட்டும் வேலையை நினைத்துக்கொண்டால் எளிதில் புரியும்.

பிராசசர் என்பது வேலை செய்யும் கை. எல்லாக் கணக்கையும் அதுதான் போடுகிறது. அதற்குள் பல கோர்கள் இருக்கும். ஒரு கோர் என்பது உருட்டும் ஓர் ஆள் போல. நான்கு ஆள் உட்கார்ந்தால் வேலை வேகமாக முடியும். கணக்கு வேலைக்கு 4 கோர் போதும்.

ராம் என்பது உருட்டும் பலகை. மாவும் குச்சியும் அந்தப் பலகையில்தான் பரப்பி இருக்கும். பலகை சிறியது என்றால் அடிக்கடி எழுந்து போய் எடுத்து வர வேண்டும். வேலை மெதுவாகும். கம்ப்யூட்டரில் கணக்குப் பக்கம், வங்கிப் பக்கம், வரிப் பக்கம், கடிதம் எல்லாம் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். அதற்கு இடம் வேண்டும். இந்த இடத்தை ஜிபி என்று அளக்கிறார்கள். அரிசிக்குக் கிலோ போல இதற்கு ஜிபி. குறைந்தது 8 ஜிபி வேண்டும். 16 ஜிபி இருந்தால் நல்லது. இப்போது 8 வாங்கினாலும் கவலை இல்லை. பின்னால் இன்னொரு 8 சேர்க்க உள்ளே காலி இடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்க வேண்டும்.

எஸ்.எஸ்.டி. என்பது அலமாரி. முடிந்த வேலை அதில்தான் இருக்கும். கரண்ட் போனால் பலகையில் உள்ளது அழிந்துவிடும். அலமாரியில் வைத்தது அழியாது. பழைய கம்ப்யூட்டர்களில் இதற்கு ஹார்டு டிஸ்க் இருந்தது. அதற்குள் ஒரு தட்டு சுழலும். ஒரு சிறு கை அதன் மேல் நகர்ந்து தேடும். அதனால் நேரம் ஆகும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லை. தேடுவது மிக விரைவு. கணக்குக்கும் கடிதத்துக்கும் 256 ஜிபி போதும். படங்களும் வைக்க வேண்டும் என்றால் 512 ஜிபி வாங்கலாம்.

ஒன்றை மறக்கக் கூடாது. கை வேகமாக இருந்து பலகை சிறியதாக இருந்தால் பயன் இல்லை. மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தி இருக்க வேண்டும்.

பெயர் ஒன்று, எண் வேறு

மகள் தன் வேலைக்கு ஏற்றதை ஒரு தாளில் எழுதிக்கொள்கிறாள். “ஐ3 12100. ராம் 8 ஜிபி. எஸ்.எஸ்.டி. 512 ஜிபி.” அந்தத் தாளைத் தாய் கையில் வைத்திருக்கிறார். இருவரும் கடைக்குப் போகிறார்கள்.

கடைக்காரர் ஒரு பெட்டியைக் காட்டுகிறார். “இதுவும் ஐ3 தான், அம்மா. 8 ஜிபி ராம். விலை பாதிதான்” என்கிறார். விலைச் சீட்டும் எழுதித் தருகிறார்.

மகளுக்கு மகிழ்ச்சி. கடன் வாங்கவே வேண்டாமே! ஆனால் தாய் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எண்ணாகப் படிக்கிறார்.

“தம்பி, எங்கள் தாளில் 12100 என்று இருக்கிறது. உங்கள் சீட்டில் 2100 என்று இருக்கிறதே. முன்னால் ஒரு 1 விட்டுப்போயிற்றா?”

“இல்லை அம்மா. இது கொஞ்சம் பழைய மாடல். அதுதான் விலை குறைவு” என்கிறார் கடைக்காரர்.

கொஞ்சம் பழையதா? கணக்குப் பார்ப்போம். ஐ3 2100 என்ற பிராசசர் 2011-ல் வந்தது. அதில் 2 கோர் மட்டும். ஐ3 12100 என்ற பிராசசர் 2022-ல் வந்தது. அதில் 4 கோர். இரண்டுக்கும் பெயர் ஐ3 தான். எண்ணில் ஒரே ஓர் 1 குறைவு. வயதில் 11 ஆண்டு வித்தியாசம்!

இந்த எண்ணைப் படிப்பது எளிது. கடைசி மூன்று எண்களை விட்டுவிடுங்கள். முன்னால் மிச்சம் இருப்பது தலைமுறை. 12100 என்றால் 12-ஆம் தலைமுறை. 8100 என்றால் 8-ஆம் தலைமுறை. 2100 என்றால் 2-ஆம் தலைமுறை.

எண்ணுக்குப் பின்னால் எழுத்து இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இன்டெல் நிறுவனத்தின் மேஜைக் கம்ப்யூட்டர் பிராசசரில் எஃப் என்ற ஆங்கில எழுத்து இருந்தால், திரையில் படம் காட்டும் பகுதி அதில் இல்லை என்று பொருள். அதற்குத் தனியாகக் கிராபிக்ஸ் கார்டு வாங்க வேண்டும். செலவு கூடும். எஃப் இல்லாததை வாங்கினால் கணக்கு வேலைக்கு அந்தக் கார்டே தேவை இல்லை.

ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் பிராசசர்களும் நல்லவைதான். அவற்றின் எண் முறை வேறு. இன்டெல் நிறுவனமும் தன் புதிய வகைகளுக்குப் பெயரை மாற்றியிருக்கிறது. குழப்பமாக இருந்தால் ஒரே கேள்வி கேளுங்கள். “இது எந்த ஆண்டு வந்த மாடல்?”

பழையது வாங்கினால் என்ன?

கம்ப்யூட்டரை நடத்த ஓர் அடிப்படை மென்பொருள் வேண்டும். விண்டோஸ் என்பது அப்படி ஒன்று. விண்டோஸ் 10-க்குத் தரும் வழக்கமான இலவசப் பாதுகாப்பை அந்த நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. இப்போது விண்டோஸ் 11 வேண்டும். பழைய பிராசசர்களுக்கு அது பொருந்தாது. இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறையும் அதற்குப் பின் வந்தவையும் பொருந்தும்.

பாதுகாப்பு இல்லாத கம்ப்யூட்டர் தாழ்ப்பாள் இல்லாத வீடு. மகளின் கம்ப்யூட்டரில் மூன்று கடைகளின் கணக்கு இருக்கும். வங்கி விவரம் இருக்கும். அது திருடு போனால் யார் பதில் சொல்வது?

பழையது எல்லாமே கெட்டது அல்ல. பணம் குறைவு என்றால் 8-ஆம் தலைமுறைக்குப் பின் வந்த பழைய பெட்டியை உத்தரவாதத்தோடு வாங்கலாம்.

இலவச மென்பொருளும் உண்டு. உபுண்டு என்பது அதில் ஒன்று. கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் இப்படிப்பட்ட கட்டற்ற மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் கடைக் கணக்குக்கு டேலி வேண்டும் என்றால் விண்டோஸ் தேவைப்படும். எனவே வேலை கொடுப்பவரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். திருட்டு விண்டோஸ் போட்டுத் தந்தால் வாங்கக் கூடாது.

தமிழிலும் கன்னடத்திலும் எழுத வேண்டுமா? அதற்குத் தனிக் கீபோர்டு வேண்டாம். இரண்டு மொழிகளும் விண்டோஸிலேயே உண்டு. உபுண்டுவிலும் உண்டு.

கண்ணும் கரண்டும்

திரை 22 அல்லது 24 அங்குலம் இருந்தால் எண்கள் தெளிவாகத் தெரியும். திரையை ஒரு கை நீளம் தள்ளி வைக்க வேண்டும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்கட்டும். அவ்வப்போது எழுந்து நின்று தூரத்தில் பார்க்க வேண்டும்.

எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் சேமிக்காத கணக்கு போய்விடும். அதனால் ஒரு யு.பி.எஸ். வேண்டும். வீட்டு உபயோகத்துக்கு 600 வி.ஏ. அளவு போதும். அது மணிக்கணக்கில் ஓடாது. சில நிமிடம் தாங்கும். அதற்குள் கணக்கைச் சேமித்து, கம்ப்யூட்டரை அணைத்துவிட வேண்டும். சுவரில் மூன்று ஓட்டைப் பிளக்கு வேண்டும். எர்த் கம்பி சரியாக இருக்க வேண்டும்.

கரண்ட் செலவு எவ்வளவு? கம்ப்யூட்டரும் திரையும் சேர்ந்து 100 வாட் இழுக்கின்றன என்று கொள்வோம். 10 மணி நேரம் ஓடினால் 1 யூனிட். தினம் 8 மணி நேரம், மாதம் 25 நாள் ஓடினால் 20 யூனிட். வேலைக்குக் கூலி பேசும்போது இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

பில்லைப் படியுங்கள்

தாயும் மகளும் பழைய பெட்டியை வாங்கவில்லை. தாளில் இருந்த எண்படியே கேட்டார்கள். கடைக்காரரும் தயங்காமல் வேறு சீட்டு எழுதினார். கம்ப்யூட்டரும் திரையும் சேர்த்து 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வரி 5,400 ரூபாய். மொத்தம் 35,400 ரூபாய். மீதி 4,600 ரூபாய். அதில் யு.பி.எஸ். வாங்க வேண்டும். வாரம் ஒரு முறை கணக்கைப் பிரதி எடுத்து வைக்கப் பென் டிரைவும் வாங்க வேண்டும். “30,000 ரூபாய்” என்று கேட்டு 30,000 மட்டும் கொண்டு போனால் என்ன ஆகியிருக்கும்? அதனால் வரி சேர்த்தா, சேர்க்காமலா என்று முதலிலேயே கேட்பது நல்லது.

“வரி இல்லாமல் தருகிறேன். பில் வேண்டாம்” என்று சிலர் சொல்வார்கள். சம்மதிக்கக் கூடாது. பில் இல்லை என்றால் உத்தரவாதம் கேட்பது கடினம். பில்லில் பிராசசர் எண், ராம், எஸ்.எஸ்.டி. அளவு எல்லாம் எழுதச் சொல்லுங்கள். பணம் கொடுக்கும் முன் கம்ப்யூட்டரை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பில்லில் உள்ள எண்ணும் திரையில் தெரியும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும்.

குறை இருந்தால் முதலில் கடையில் சொல்லுங்கள். தீரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். பணம் இணையத்தில் திருடு போனால் உடனே 1930-க்குப் போன் செய்ய வேண்டும்.

நினைவில் வையுங்கள்

1. முதலில் வேலையை முடிவு செய்யுங்கள். பிறகு பெட்டியைப் பாருங்கள்.
2. பெயரை மட்டும் கேட்காதீர்கள். எண்ணையும் எழுத்தையும் படியுங்கள்.
3. ராம் குறைந்தது 8 ஜிபி. எஸ்.எஸ்.டி. குறைந்தது 256 ஜிபி.
4. யு.பி.எஸ்., வரி இரண்டுக்கும் பணம் ஒதுக்குங்கள்.
5. பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

சிந்தித்துப் பாருங்கள்

ஐ3 8100, ஐ3 3220 என்று இரண்டு பழைய பெட்டிகள் இருக்கின்றன. எது புதியது? எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

20,000 ரூபாய்ப் பொருளுக்கு 18 சதவீதம் வரி எவ்வளவு?

உங்கள் வீட்டில் கடைசியாக வாங்கிய பொருளின் பில்லை எடுங்கள். அதில் உள்ள எண்களை வாய்விட்டுப் படியுங்கள். சொன்னதும் எழுதியதும் ஒன்றாக இருக்கின்றனவா?