பட்டறையிலிருந்து திண்ணைக்கு

மாயவரம் என்ற பெயர் மயிலாடுதுறை என்று மாறிய 1982-ஐ ஒட்டிய வருடங்களில், மோட்டார் சைக்கிளின் முன் ஃபோர்க்கை ஒருவர் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கழற்றியிருந்தால் தெருவே கூடி நின்று பார்த்திருக்கும். இன்று இதே ஊரின் கூறைநாட்டிலோ திருவிழந்தூரிலோ ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைப் பார்த்துவிட்டு யாரும் நடையைக்கூட நிறுத்துவதில்லை. பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 ஒன்று முன்சக்கரம் இல்லாமல் செங்கல் அடுக்கின்மேல் நிற்கும். பக்கத்தில் செய்தித்தாளை விரித்து, போல்ட்டுகளைக் கழற்றிய வரிசையிலேயே வைத்திருப்பார்கள். சுவரில் சாய்த்த கைபேசியில் எந்த ஊரோ ஒரு மெக்கானிக் தமிழில் விளக்கிக்கொண்டிருப்பார்.

அன்றைக்கு வண்டி வைத்திருந்தவர்களே குறைவு. மிராசுதார் வீட்டுப் பிள்ளை, டாக்டர், உரக் கம்பெனிக்காரர், போலீஸ். பெரும்பாலும் புல்லட்; சிலரிடம் மைசூரில் தயாரான ஜாவா, பிறகு அதே ஆலையின் யெஸ்டி; வரப்போரம் அலைகிறவர்களிடம் ராஜ்தூத். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் கூட்டுச் சேர்ந்து, புல்லட் தயாரிக்க என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் அங்கிருந்து கப்பலில் வந்த பாகங்களைத் திருவொற்றியூரில் பூட்டினார்கள். 1962 வாக்கில் எல்லாப் பாகமும் இங்கேயே தயாரானது. அதற்குப் பிறகு புல்லட்டின் முன்பக்கம் பல வருடங்களுக்குப் பெரிதாக மாறவில்லை. அப்பாவின் வண்டியில் பழகிய கை, மகனின் வண்டியிலும் தடுமாறாமல் வேலை செய்தது. ஒரு ஊர் மெக்கானிக்குக்கு இதைவிடப் பெரிய வசதி கிடையாது.

ஃபோர்க்கின் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேலிருந்து வரும் இரும்புக் குழாய், பட்டறைப் பேச்சில் பைப், கீழே சக்கரத்தைப் பிடித்திருக்கும் பாட்டத்துக்குள் ஏறி இறங்கும். எடையை ஸ்பிரிங் தாங்கும். ஸ்பிரிங் மட்டும் இருந்தால் ஒரு பள்ளத்துக்கு ஒன்பது தடவை ஆடும். அந்த ஆட்டத்தை அடக்குவது எண்ணெய். பைப் இறங்கும்போது எண்ணெய் சின்னத் துளைகள் வழியே நெருக்கிக்கொண்டு போக வேண்டும், அந்தத் தடையில் குலுக்கல் அடங்கிவிடும். எண்ணெயை வெளியே விடாமல் பாட்டத்தின் வாயில் உட்கார்ந்திருப்பது ஆயில் சீல். 1935-ல் பிஎம்டபிள்யூ ஆர்12 வண்டியில் வந்த ஏற்பாடுதான் இது. இன்றைய ஸ்பிளெண்டரிலும் அடிப்படை அதேதான். தேய்மானம் வருவது மூன்று இடத்தில்: சீலின் உதடு, பைப்பின் குரோம் பூச்சு, பைப்பும் பாட்டமும் உரசும் பகுதி.

பழைய பட்டறை இந்த மூன்றையும் 'மாற்ற' நினைத்ததில்லை, சரிசெய்யவே பார்த்தது. காரணம் கைத்திறன்மேல் இருந்த மோகமல்ல, சாமான் கிடைக்காததுதான். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் சொல்லிவைத்து, பஸ்ஸிலோ லாரியிலோ பார்சல் வந்து சேரும்வரை வண்டிக்காரர் சைக்கிளில் போக வேண்டும். அதனால் இருப்பதை வைத்தே ஓட்டினார்கள். ஆயில் சீலின் உதட்டைச் சுற்றி மெல்லிய ஸ்பிரிங் வளையம் ஒன்று இருக்கும், முடியைப் பின்னினதுபோல. கசியும் சீலைக் கழற்றி, அந்த வளையத்தின் இணைப்பைப் பிரித்து, நாலைந்து சுற்றை நறுக்கி எறிந்துவிட்டு மறுபடி திருகிச் சேர்ப்பார்கள். வளையம் சிறுத்துவிட்டதால் தளர்ந்த உதடு பைப்பை மறுபடி கவ்வும். கொஞ்ச மாதம் தாங்கும், அதற்குள் புது சீல் வந்துவிடும்.

சீல் கெடவில்லை, மண் சிக்கித்தான் கசிகிறது என்று தோன்றினால் இன்னும் சுலபம். போட்டோ ஸ்டுடியோவில் கேட்டு வாங்கிய நெகட்டிவ் துண்டை சீலுக்கும் பைப்புக்கும் நடுவே நுழைத்து ஒரு சுற்று சுற்றி எடுத்தால் மண் அதோடு வந்துவிடும். நெகட்டிவ் வழக்கொழிந்துபோனாலும் இந்த வித்தை சாகவில்லை. பழைய எக்ஸ்ரே தாளையோ தண்ணீர் பாட்டிலின் பிளாஸ்டிக்கையோ கத்தரித்து அதே வேலையைச் செய்கிறார்கள்.

எண்ணெய் விஷயத்தில் மட்டும் அந்தக் காலத்தைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. ஃபோர்க்குக்கென்று தனி எண்ணெய் இருப்பதைப் பலர் பொருட்படுத்தவே இல்லை. என்ஜின் ஆயில் எதுவோ அதுவே ஃபோர்க்குக்கும். அளவுக்குக் கண்மதிப்பு, அல்லது 180 மில்லி குவாட்டர் பாட்டில். ஃபோர்க்கின் இரண்டு காலிலும் ஒரே அளவு ஊற்ற வேண்டும் என்பதற்கு அந்தப் பாட்டில் உதவியது உண்மை. ஆனால் எந்த வண்டிக்கு எவ்வளவு என்ற கேள்விக்கு எல்லா வண்டிக்கும் ஒரே பாட்டில்தான் பதில். கெட்டி எண்ணெய் ஊற்றினால் முன்பக்கம் விறைத்துக்கொண்டு, கசிவும் கொஞ்ச நாள் தெரியாமல் இருக்கும். "ஷாக்கு இப்ப கல்லாட்டம் இருக்குண்ணே" என்று சொல்லி வண்டியைக் கொடுப்பார்கள். வாங்குகிறவரும் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

நிலைமை மாறியது 1985-ல். அந்த வருடம் ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100 இரண்டும் வந்தன. அதற்கு முன்பே, 1980-ல், ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 புறப்பட்டிருந்தது. அந்த வம்சத்து எக்ஸ்எல் வண்டியின் முன்பக்கத்தில் எண்ணெயே கிடையாது, வெறும் ஸ்பிரிங். இரண்டு மூட்டை நெல்லைச் சுமந்துகொண்டு வாய்க்கால் கரையில் வருகிறவருக்கு சீல் கசிவு என்ற கவலையே இல்லாமல் போனது இப்படித்தான். நூறு சிசி வண்டிக்காரர்களுக்கு வேறு கதை. பழைய புல்லட்டிலும் ஜாவாவிலும் பைப்பின் மேல்பகுதியைத் தகர உறை மூடியிருக்கும். ஆர்எக்ஸில் குரோம் பைப் பளபளவென்று வெளியே தெரியும். பார்க்க அழகு. ஆனால் தரங்கம்பாடி, பூம்புகார் பக்கம் தினமும் போய்வரும் வண்டிகளுக்கு அந்த அழகே எதிரி. உப்புக்காற்றில் குரோம் புள்ளி புள்ளியாகப் பொரிந்து, கடுகளவு பள்ளங்கள் விழும். ஒவ்வொரு குலுக்கலிலும் அந்தப் பள்ளத்தின் விளிம்பு சீலின் உதட்டைச் சீவும். புது சீல் போட்டும் மூன்றாம் மாதமே கசிகிறது என்று வருகிற வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது சீலை அல்ல, பைப்பை. விரல்நகத்தை மேலிருந்து கீழாக மெதுவாக இழுத்தால் நகம் எங்கே தட்டுகிறது என்று தெரியும். அந்த இடத்தை மட்டும் எண்ணெய் தொட்ட மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, பள்ளத்தில் அரால்டைட் வைத்து, காய்ந்தபின் வழவழவென்று இழைத்துவிட்டால் சீல் பிழைக்கும்.

டெல்டா மண்ணின் கைவரிசை இதோடு நிற்பதில்லை. சம்பா அறுவடையில் சாலையில் பரப்பிய வைக்கோலும் பதரும் தூசியும், மழைக்காலக் களிமண்ணும் பைப்பில் அப்பி, காய்ந்து, சீலின் உதட்டில் உப்புத்தாள் வேலை பார்க்கும். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது நினைவிருக்கும். அப்படித் தண்ணீரில் மூழ்கி நின்ற வண்டிகளில் என்ஜினைக் கழுவி ஆயில் மாற்றுவார்கள், ஃபோர்க்கை மறந்துவிடுவார்கள். தளர்ந்த சீல் வழியே தண்ணீர் உள்ளே போயிருந்தால், பின்னொரு நாள் திறக்கும்போது வருவது எண்ணெயாக இருக்காது. காபி நிறத்தில் நுரைத்த ஒரு குழம்பு, மீன் கழுவின தண்ணீரைப்போல ஒரு வாடையோடு. ஸ்பிரிங்கில் துருவும் ஏறியிருக்கும்.

இன்றைய திண்ணைக்காரர் பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து வயதுக்காரர். வண்டி அப்பாவுடையது அல்லது தாத்தாவுடையது. 1996-ல் உற்பத்தி நின்றுபோன ஆர்எக்ஸ் 100-க்கு இப்போது இருக்கும் மவுசில், அதைத் தெரியாத பட்டறையில் விட அவருக்கு மனமில்லை. சீல், டஸ்ட் சீல், சரியான ஃபோர்க் ஆயில் எல்லாம் வீட்டு வாசலுக்கே பார்சலில் வருகின்றன. பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் அந்தக் கட்டணம் 300 ரூபாயிலிருந்து 1,000 ரூபாய் ஆனது. அதைக் கட்டி வண்டியை வைத்திருக்கிறவர் ஃபோர்க்கையும் ஒழுங்காக வைத்துக்கொள்ளவே நினைப்பார்.

அவர் முதலில் மாட்டிக்கொள்வது பாட்டத்தின் அடியில் இருக்கும் அலென் போல்ட்டில். சாவியைத் திருப்பினால் போல்ட்டோடு சேர்ந்து உள்ளே இருக்கும் தண்டும் சுற்றும், கழன்றே வராது. மேல் மூடியை எடுக்கும் முன்பே, ஸ்பிரிங்கின் அழுத்தம் தண்டைப் பிடித்திருக்கும்போதே இந்த போல்ட்டைத் தளர்த்திவிட வேண்டும் என்பது தெரிந்தவர்களின் வழி. அது தவறினால் பழைய ஆட்கள் மண்வெட்டிக் காம்பின் முனையைக் கூராகச் சீவி, பைப்புக்குள் விட்டுத் தட்டி, தண்டைக் கவ்விப் பிடித்துக்கொள்வார்கள். இன்று பேட்டரியில் ஓடும் இம்பாக்ட் துப்பாக்கி ஒரே உறுமலில் கழற்றிவிடுகிறது. புது சீலை நேராக இறக்க போர்வெல்லில் மிச்சமான பிவிசி குழாய்த் துண்டு போதும். டெல்டாவில் அது இல்லாத கொல்லை ஏது? எண்ணெயை அளக்க ஊசி போடும் சிரிஞ்ச். கம்பெனி புத்தகம் சொன்ன மில்லி சொன்னபடி உள்ளே போகிறது. குவாட்டர் பாட்டில் காலத்தைவிட இது நூறு மடங்கு மேல், சந்தேகமில்லை.

அவரிடம் இல்லாதது கை. பிரேக் பிடித்தால் முன்னால் 'டொக்' என்கிறது என்று வண்டி வந்தால், அந்தக் காலத்து மெக்கானிக் சாவியைத் தொடமாட்டார். பையனைப் பின் கேரியரில் உட்காரச் சொல்லி முன்சக்கரத்தைத் தூக்கவைப்பார். இரண்டு பாட்டத்தையும் கீழே பிடித்து முன்னும் பின்னும் அசைத்து, மறுகை விரலைச் சீல் இருக்கும் இடத்தில் வைப்பார். தட்டு அங்கே தெரிந்தால் பைப்பும் பாட்டமும் தேய்ந்திருக்கின்றன. விரலை ஹேண்டில் கழுத்துக்கு மாற்றும்போது அங்கே தெரிந்தால் கோன் செட், அதாவது கழுத்து பேரிங். இரண்டிலும் இல்லை, சக்கரம் மட்டும் பக்கவாட்டில் ஆடுகிறது என்றால் வீல் பேரிங். "தம்பி, ஷாக்குல ஒண்ணுமில்ல, கோன் செட்ட டைட் பண்ணிட்டு போ" என்று சொல்லிப் பத்து ரூபாய் மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவைப்பார். வீடியோவில் ஃபோர்க் கழற்றும் பாடம் ஆயிரம் இருக்கின்றன. கழற்றத் தேவையில்லை என்று கண்டுபிடிக்கும் பாடம் அபூர்வம். நல்ல ஃபோர்க்கைப் பிரித்து, நல்ல சீலைக் கிழித்து, புதுசு போட்டு, அந்த 'டொக்' அப்படியே இருக்கும் வண்டிகள் ஊரில் உண்டு.

திண்ணையில் முடியாதவையும் உண்டு. ராத்திரியில் நடுரோட்டில் படுத்திருக்கும் மாட்டில் மோதிய வண்டியின் பைப்பைக் கண்ணாடிப் பலகைமேல் உருட்டிப் பார்த்து, அடியில் வெளிச்சம் வந்து வந்து மறைந்தால் அது வளைந்திருக்கிறது. முன்பு அழுத்தி நிமிர்த்தி, குரோம் போயிருந்தால் மறுபூச்சுக்கு அனுப்பினார்கள். இப்போது பட்டறைக்காரரே ஜோடியாகப் புதுசு வாங்கிவரச் சொல்கிறார், அதுதான் சரியும்கூட. பாட்டத்தின் உள்சுவர் தேய்ந்திருந்தால், தனி புஷ் இல்லாத சின்ன வண்டிகளில் பாட்டத்தையே மாற்ற வேண்டியதுதான். 2012-ல் வந்த டியூக் 200 முதல் தலைகீழ் ஃபோர்க் போட்ட வண்டிகள் சிறுநகரங்களுக்கும் வந்துவிட்டன. அவற்றைச் செங்கல்மேல் நிறுத்திப் பிரிக்க வேண்டாம் என்பது என் கருத்து.

ஒரு காரியம் மட்டும் பட்டறையிலிருந்து திண்ணைக்கு வந்து சேரவே இல்லை. சக்கரத்தைப் பூட்டியதும் பழைய மெக்கானிக் ஆக்ஸில் நட்டை உடனே முறுக்கமாட்டார். கையால் மட்டும் ஏற்றிவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை ஏழெட்டுத் தடவை அழுத்தி எழுப்பச் சொல்வார். இரண்டு காலும் தங்களுக்குள் நேராகி உட்கார்ந்த பிறகே கடைசி முறுக்கு. அதை விட்டுவிட்டால் கால்கள் ஒன்றையொன்று இழுத்தபடி ஏறி இறங்கும். சீல் ஒரு பக்கமாகத் தேயும். நாலு மாதத்தில் பாட்டத்தில் மறுபடி எண்ணெய் வழியும். அப்போது பார்சலில் வந்த சீல் டூப்ளிகேட் என்று பழி அதன்மேல் விழும்.