மலைவாழைக்குப் பின்னால் இத்தனை வேலையா!

திண்டுக்கல் பழக்கடைகளில் தார் தாராகத் தொங்கும் சிறுமலைப் பழத்தைப் பார்த்தால் பயோடெக் ஞாபகம் வருமா? வரணும்! 2008-ல் புவிசார் குறியீடு வாங்கிய சிறுமலை, விருப்பாச்சி மலைவாழைகளை முடிக்கொத்து நோய் ஒரு காலத்தில் வாரிச் சுருட்டிவிட்டது. அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ் அது. மீட்கும் முயற்சியில் கைகொடுத்தது திசு வளர்ப்பு.

பயோடெக் முடித்துவிட்டு "பெங்களூரா, ஹைதராபாத்தா?" என்று யோசிக்கும் நம்ம ஊர்ப் பிள்ளைகளே, திசு வளர்ப்புக் கூடம் எப்படி இயங்குகிறது, எட்டிப் பார்ப்போமா? செருப்பை வெளியே விடுங்க!

முதலில் மீடியா அறை. சர்க்கரை, அகர், உப்புகள், துளி ஹார்மோன். 1962-ல் முராஷிகியும் ஸ்கூகும் வகுத்த எம்.எஸ். கலவைதான் இன்றும் ராஜா! பி.எச். 5.8-க்குக் கொண்டுவந்து, ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் வேகவைக்கணும். அளவு பிசகாத கைக்கு இங்கே வேலை.

அடுத்தது லேமினார் ஏர் ஃப்ளோ. அடடா, இதுதான் மேடை! கன்றின் கிழங்கை உரித்து, உரித்து, உள்ளே ஒளிந்திருக்கும் வெள்ளைக் குருத்து நுனியை எடுக்கிறார்கள். ஸ்பிரிட் தேய்த்த விரல், தீயில் காட்டிய கத்தி. ஒரே ஒரு பூஞ்சை வித்து விழுந்தாலும் பாட்டில் முழுக்கப் பூசணம்!

வளர்ப்பு அறையில் 25 டிகிரி குளிர். அடுக்கடுக்காக விளக்கு, அடுக்கடுக்காகப் பச்சை. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை பிரித்துப் பிரித்து வைத்தால் ஒரு குருத்து நூறாகிறது, ஆயிரமாகிறது.

ஆனால் தாய்மரத்தில் வைரஸ் இருந்தால் அதுவும் கூடவே ஆயிரமாகும்! அதனால்தான் எலைசா, பி.சி.ஆர். சோதனை. வகுப்பில் மனப்பாடம் செய்த பிரைமர் இங்கே ஒரு விவசாயியின் தோட்டத்தையே காப்பாற்றுகிறது. 2006 முதல் மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை இதற்குச் சான்றளிப்பு முறையே வைத்திருக்கிறது.

பிறகு நிழல்வலைக் குடில். தென்னைநார்க் கழிவில் நட்டு, வெயிலுக்கும் காற்றுக்கும் கன்றைப் பழக்குகிறார்கள். அதையும் தாண்டினால், தோட்டம் தோட்டமாகப் போய் விவசாயிகளுக்கு வழிகாட்டும் வேலை.

ஆக, ஒரு கன்றுக்குப் பின்னால் ஐந்தாறு உத்தியோகம்! மேலே படிக்கணுமா? ஜி.ஏ.டி.-பி. தேர்வு எழுதுங்க. ரத்தப் பரிசோதனைக் கூடம், பால் பண்ணை, மசாலா ஆலை ஆகியவற்றின் தரக்கட்டுப்பாட்டிலும் இதே கைப்பழக்கம்தான் பேசும்.

ஒன்றே ஒன்று: இன்டர்ன்ஷிப் போகும் இடத்தில் சான்றிதழோடு திரும்பிவிடாதீங்க. கத்தியையும் பாட்டிலையும் கேட்டு வாங்குங்க. பூசணம் பிடிக்காத பாட்டிலை உங்கள் கையாலேயே தயாரித்துவிட்டால், இன்டர்வியூவில் பேச அதுவே போதும்!