உடைந்தால்தான் பிழைப்பு

ஐந்தரை அடி உயரத்தில் நான்கு டயர்கள், அவற்றின் மேலே ஒரு பிக்கப் வண்டியின் உடம்பு. வரிசையாக நிறுத்திய பழைய கார்கள்மேல் அது ஏறி நசுக்கும். மண்மேட்டில் ஏறிப் பறக்கும். சில நேரம் தலைகுப்புற விழுந்து, சக்கரங்கள் வானத்தைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருக்கும். அப்போதுதான் கூட்டம் எழுந்து நின்று அதிகமாகக் கை தட்டும். அமெரிக்காவில் இதற்கு மான்ஸ்டர் டிரக் என்று பெயர். இதெல்லாம் ஒரு தொழிலா என்று கேட்கத் தோன்றும். தொழில்தான். சுமார் அரை நூற்றாண்டாகக் குடும்பம் குடும்பமாகச் செய்து வருகிறார்கள்.

நான் சங்ககிரிக்காரி, லாரிக்காரர் மகள். இப்போது இருப்பது மிசௌரி மாநிலத்து செயின்ட் லூயிஸில். எங்கள் வீட்டில் எல்லோரும் பயந்தது ஒன்றுக்குத்தான்: வண்டி வழியில் உடைந்து நிற்கக்கூடாது. ஆக்சில் போனால் டிரிப் போச்சு, டிரிப் போனால் அந்த மாதத் தவணை போச்சு. அப்படி வளர்ந்தவளுக்கு, காசு வாங்கிக்கொண்டு வண்டியை உடைத்துக் காட்டும் இந்த ஊர் வழக்கம் முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. மகன் நச்சரித்ததால் பார்க்கத் தொடங்கி, பிறகு அவனைவிட நான்தான் இந்த வண்டிகளின் கதையைத் துருவிக்கொண்டிருந்தேன்.

கதை தொடங்குவதும் இதே செயின்ட் லூயிஸ் வட்டாரத்தில்தான். பாப் சாண்ட்லர் கட்டுமான ஒப்பந்தக்காரர். 1974இல் ஃபோர்டு எஃப்-250 பிக்கப் ஒன்று வாங்கினார். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. வார இறுதிகளில் சேற்றிலும் மேட்டிலும் ஓட்டுவார், ஏதாவது ஒன்றை உடைத்துக்கொண்டு வருவார். மாற்றிப் போட உதிரிபாகம் எளிதில் கிடைக்கவில்லை. நமக்குக் கிடைக்காதது ஊரில் மற்றவர்களுக்கும் கிடைக்காதுதானே என்று, 1975இல் மனைவி மெரிலினும் நண்பர் ஜிம் கிரேமரும் சேர, அவர்களே கடையும் பட்டறையும் போட்டுவிட்டார்கள். முதலாளியின் கால் ஆக்சிலரேட்டரில் அவ்வளவு கனமாக விழுகிறதே என்று கடை மேலாளர் கிண்டலடித்ததில் வண்டிக்கு 'பிக்ஃபுட்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

கடைக்கு விளம்பரமும் அந்த வண்டிதான். அதனால் அது வளர்ந்துகொண்டே போனது. இந்த வளர்ச்சியை யாரும் உட்கார்ந்து திட்டம் போடவில்லை. பெரிய டயர் மாட்டினார்கள். டயர் பெரிதானால் அதைத் திருப்ப ஆக்சில் தாங்கவேண்டிய முறுக்குவிசை கூடும், ஆக்சில் முறிந்தது. ராணுவம் கழித்துப்போட்ட லாரிகளின் ஆக்சிலைப் போட்டார்கள். வண்டியின் எடை ஏறியது, பழைய இன்ஜின் திணறியது. வலுவான இன்ஜின் வைத்தார்கள். இவ்வளவு பெரிய சக்கரத்தை முன்பக்கம் மட்டும் ஒடித்துத் திருப்ப இடம் போதவில்லை. பின்சக்கரங்களும் திரும்பும்படி செய்தார்கள். ஒன்றைப் பலப்படுத்தினால் அதற்கு அடுத்தது உடையும், அதைப் பலப்படுத்தினால் அதற்கும் அடுத்தது. லாரிப் பட்டறையில் நின்றவர்களுக்கு இந்தச் சங்கிலி நன்றாகத் தெரியும்.

1981இல் சாண்ட்லர் ஒரு வயல்வெளியில் இரண்டு பழைய கார்களை நிறுத்தி, அவற்றின்மேல் பிக்ஃபுட்டை ஏற்றி வீடியோ எடுத்தார். கடையில் போட்டுக் காட்டத்தான். அதைப் பார்த்த நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் ஒருவர், இதையே கூட்டத்தின் முன்னால் செய்யவேண்டும் என்று கேட்டார். சாண்ட்லர் தயங்கினார். பொருளை நாசம் செய்கிறவர் என்ற பெயர் வந்துவிடுமே என்ற கவலை. கடைசியில் ஒப்புக்கொண்டார். 1982இல் மிச்சிகன் மாநிலத்தின் பான்டியாக் சில்வர்டோம் அரங்கில், பல்லாயிரம் பேர் முன்னிலையில் புதிய பிக்ஃபுட் கார்களை நசுக்கியது. அதில்தான் 66 அங்குல டயர் முதலில் வந்தது. வயல்களில் உரம் தூவும் ராட்சத வண்டிகளுக்காகச் செய்யப்பட்ட டயர் அது. ஈர மண்ணில் புதையாமல் இருக்க அகலமாகவும் காற்றழுத்தம் குறைவாகவும் வைத்திருப்பார்கள். இந்த விளையாட்டுக்கு அதுவே நிலையான அளவாகிவிட்டது. அந்த அளவோடும் சாண்ட்லர் நிற்கவில்லை. ராணுவம் அலாஸ்காவுக்காகச் செய்த, தண்டவாளம் இல்லாமல் ஓடும் தரைரயிலின் பத்தடி டயர்களை வாங்கி, 1986இல் ஐந்தாவது பிக்ஃபுட்டுக்கு மாட்டினார். அந்த வண்டியின் உயரம் பதினைந்தரை அடி.

நசுக்குவது மட்டும் எத்தனை நாள் சலிக்காது? இரண்டு வண்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பந்தயம் விட ஆரம்பித்தார்கள். இவ்வளவு நாளும் எடையைக் கூட்டிக்கொண்டே வந்தவர்கள் குறைக்கவேண்டி வந்தது. லாரி சேஸிஸ் வேகத்தில் எகிறி விழுந்தால் வளைந்துவிடும். ஓட்டுநரின் முதுகும் தாங்காது. 1989இல் வந்த எட்டாவது பிக்ஃபுட்டில் லாரி சேஸிஸே இல்லை. கணினியில் வரைந்து, இரும்புக் குழாய்களை முக்கோணம் முக்கோணமாகப் பற்றவைத்த கூடு. கூடவே நைட்ரஜன் வாயு அடைத்த ஷாக் அப்சார்பர்கள். இன்றைக்கு ஓடும் மான்ஸ்டர் டிரக்குகளில் ஏறக்குறைய எல்லாமே அந்தக் கூட்டின் வாரிசுகள்தாம். 1999இல் டென்னசி மாநிலத்தின் ஸ்மிர்னாவில், பதினான்காவது பிக்ஃபுட் ஒரு போயிங் 727 விமானத்தின் மேலாக 202 அடி தாண்டியது. ஓட்டியவர் டேன் ரன்டி.

ஊரிலிருந்து அப்பா வந்திருந்தபோது ஓர் ஆட்டத்துக்கு அழைத்துப் போனேன். ஆட்டத்துக்கு முன்னால், தனி டிக்கெட் எடுத்தவர்களை மைதானத்துக்குள் விடுவார்கள். வண்டிகளைத் தொடும் தூரத்தில் பார்க்கலாம். மற்றவர்கள் ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்க நிற்க, அப்பா குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார்.

"ஏங்கண்ணு, இதுல கமான் பட்டையே காணமே?"

இல்லைதான். பாரம் தாங்கும் அந்த வில்பட்டைகளின் வேலையையும் நைட்ரஜன் ஷாக்குகளே பார்த்துக்கொள்கின்றன. சக்கரம் இரண்டடிக்கு மேல் ஏறி இறங்கும்படி நீளமானவை. பக்கத்தில் நின்ற மெக்கானிக்கிடம் நான் கேட்டுக் கேட்டு அப்பாவுக்குச் சொன்னேன். ஓட்டுநர் இருக்கை நட்டநடுவில் இருக்கிறது. இன்ஜின் முன்னால் இல்லை, ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால். டீசலும் இல்லை பெட்ரோலும் இல்லை, மெத்தனால். சூப்பர்சார்ஜர் காற்றை அழுத்தித் திணிக்க, ஏறக்குறைய 1,500 குதிரைத்திறன் வரும். அப்பாவின் பழைய லேலண்ட் இதில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டியதில்லை. மொத்த எடை ஐந்து டன்னுக்குக் கொஞ்சம் மேலே. வெளியே தெரியும் பளபள உடம்பு வெறும் ஃபைபர்கிளாஸ் ஓடு. உடைந்து சிதறினாலும் வண்டி ஓடும். முன்சக்கரத்துக்கு ஸ்டீயரிங், பின்சக்கரத்துக்குக் கைக்கருகே ஒரு சுவிட்ச். ஓட்டுநர் இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டயரைத் தட்டிப் பார்த்த அப்பா, பக்கவாட்டில் இருந்த எழுத்தைக் காட்டி என்ன என்று கேட்டார். பி.கே.டி. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட பாலகிருஷ்ணா இண்டஸ்ட்ரீஸ் செய்தது. மான்ஸ்டர் ஜாம் என்ற பெரிய போட்டித் தொடருக்கு அவர்கள்தாம் டயர் கொடுக்கிறார்கள். முன்பெல்லாம் உர வண்டி டயரை வாங்கி, எடை குறைவதற்காக ஒவ்வொரு பட்டனாகக் கையாலேயே ரப்பரைச் செதுக்கி எடுப்பார்களாம். ஒரு டயருக்கு நாள்கணக்கில் வேலை. இப்போது இந்த விளையாட்டுக்கென்றே வார்த்து வருகிறது. அப்பாவின் முகத்தில் அன்று வந்த ஒரே பெருமிதம் அதற்குத்தான்.

குடும்பம் என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். வட கரோலினா மாநிலத்தின் கடலோரத்தில் பாப்லர் பிராஞ்ச் என்ற சிற்றூர். அந்தப் பக்கத்துக்காரர் டென்னிஸ் ஆண்டர்சன். 1980களின் தொடக்கத்தில், 1950களின் ஃபோர்டு பிக்கப் ஒன்றைக் கிடைத்த பாகங்களை வைத்து ஒட்டுப்போட்டு, சேற்றுப் பந்தயங்களில் ஓட்டிக்கொண்டிருந்தார். புது வண்டி வைத்திருந்தவர்கள் கேலி செய்தார்கள். இந்த ஓட்டை வண்டியை வைத்தே உங்களுக்குக் குழி தோண்டுகிறேன் பாருங்கள் என்று திருப்பிக் கொடுத்தாராம். 'கிரேவ் டிகர்', குழிவெட்டி, பிறந்தது அப்படி. ஒரு நிகழ்ச்சிக்கு வரவேண்டிய மான்ஸ்டர் டிரக் வராமல் போக, இவரைக் கூப்பிட்டுக் கார் நசுக்கச் சொன்னார்கள். அதோடு சேற்றுப் பந்தயம் முடிந்தது. பிறகு கறுப்பு உடம்பில் பச்சை ஊதா நிறத்தில் மயானக் காட்சி, சிவப்பாக எரியும் முன்விளக்கு என்று வண்டியும் வேடம் போட்டுக்கொண்டது.

சாண்ட்லர் உடையாமல் இருக்க வழி தேடியவர் என்றால், ஆண்டர்சன் உடைவதைப் பற்றிக் கவலையே படாதவர். முதல் ஓட்டத்திலேயே முழு வேகம். வண்டி மிஞ்சினால் இரண்டாவது ஓட்டம். 'ஒரே ஓட்டம் ஆண்டர்சன்' என்றே பெயர் வாங்கினார். ஆனால் 1980களின் இறுதியில் மின்னசோட்டாவின் செயின்ட் பால் நகரில், கைச்செலவில் ஓடிய இந்த வண்டி, ஃபோர்டு நிறுவனத்தின் ஆதரவுபெற்ற பிக்ஃபுட்டைத் தோற்கடித்ததைத் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. அதன்பின் கூட்டம் குழிவெட்டியின் பக்கம் சாய்ந்தது. மக்கள் காசு கொடுத்தது வெற்றிக்காக மட்டும் அல்ல. இந்த ஆள் இன்று என்ன ஆகப்போகிறாரோ என்ற பதைப்புக்கும் சேர்த்துத்தான்.

அரங்கில் அந்தப் பதைப்பு இரண்டு நிமிடம். ஆண்டர்சன் வீட்டில் அது வாரம் முழுவதற்கும் வேலை. வார இறுதியில் அப்பா உடைத்ததை அடுத்த வார இறுதிக்குள் எழுப்பி நிறுத்தவேண்டும். அப்படிப்பட்ட வீட்டில்தான் பிள்ளைகள் வளர்ந்தார்கள். மூத்தவர் ஆடம், இன்னொரு வண்டியை ஓட்டி, 2008 மான்ஸ்டர் ஜாம் உலக இறுதிப்போட்டியில் சுதந்திர ஆட்டப் (ஃப்ரீஸ்டைல்) பிரிவில் பட்டம் வென்றார். அப்போது அவருக்கு வயது 22. அடுத்தவர் ரயன், 'சன் உவா டிகர்' என்று, அப்பன் வண்டிக்குப் பிறந்த பிள்ளை போலப் பெயர் வைத்து ஓட்டினார். 2017 ஜனவரியில் ஃபுளோரிடாவின் டாம்பா நகரில் டென்னிஸ் மோசமாக அடிபட்டு, அந்த ஆண்டிலேயே பந்தயத்திலிருந்து விலகினார். அதே ஆண்டு மகள் கிறிஸ்டன் கிரேவ் டிகரின் இருக்கையில் உட்கார்ந்தார். அந்த வண்டியை ஓட்டிய முதல் பெண் அவர். இளையவர் வெஸ்டனும் பின்னால் வந்துவிட்டார்.

கிறிஸ்டனைப் பற்றிப் படித்த அன்று எனக்குக் கொஞ்சம் பொறாமைதான். எங்கள் பட்டறையில் டீத்தூக்கு கொண்டுபோய்க் கொடுத்ததோடு சரி. ஸ்டீயரிங் பிடிக்கத் தம்பிக்குத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

உடைப்பது ஆட்டம் என்றாலும், உடைவது மனிதர்களாக இருக்கக்கூடாது என்பதற்குத் தனி ஏற்பாடு உண்டு. 1980களின் இறுதியில் சாண்ட்லரும் வேறு சிலரும் சேர்ந்து மான்ஸ்டர் டிரக் பந்தயச் சங்கம் அமைத்து விதிகள் எழுதினார்கள். ஓட்டுநர் நினைவிழந்தாலோ ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொண்டாலோ, வெளியே நிற்கும் ஒருவர் கையிலிருக்கும் ரிமோட்டை அழுத்தி இன்ஜினை நிறுத்திவிடலாம். ஒவ்வொரு வண்டிக்கும் அது கட்டாயம். பார்வையாளர்களுக்கும் வண்டிக்கும் நடுவே இடைவெளியும் தடுப்பும் எவ்வளவு முக்கியம் என்பதை 2013இல் மெக்சிகோவின் சிவாவாவில் நடந்தது காட்டியது. வண்டி கூட்டத்துக்குள் பாய்ந்து எட்டுப் பேர் இறந்தார்கள்.

அன்று ஆட்டம் முடிந்து வரும்போது அப்பா, ஒரு லாரிக்காரர் முதலில் கேட்கவேண்டிய கேள்வியைக் கடைசியில் கேட்டார்.

"அந்தக் குழிவெட்டி வண்டி யாரு பேர்ல இருக்குது?"

குடும்பத்தின் பெயரில் இல்லை. மான்ஸ்டர் ஜாம் தொடரை நடத்தும் ஃபெல்ட் என்டர்டெயின்மென்ட் நிறுவனத்திடம் கிரேவ் டிகர் என்ற பெயரும் இருக்கிறது. சாண்ட்லர் பிக்ஃபுட்டைத் தன் நிறுவனத்திலேயே வைத்துக்கொண்டார். 2012இல் பேட்டரியில் ஓடும் பிக்ஃபுட் ஒன்றையும் அந்தப் பட்டறை செய்து காட்டியது. பெயரைக் கொடுத்தவருக்கு ஆண்டு முழுவதும் அரங்கமும் கூட்டமும் கிடைக்கின்றன. கொடுக்காதவருக்கு அடுத்து எதைச் செய்வது என்ற முடிவு தன் கையில் இருக்கிறது. எது லாபம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"பேரு யாருகிட்ட இருந்தா என்ன? ஒடைக்கறதுக்கு எவனும் கெடைப்பான். அத அடுத்த ஆட்டத்துக்குள்ள நிமித்தி நிறுத்தறவன் கெடைக்கோணுமே. அந்தப் புள்ளைக நாளைக்கே தனியாப் பட்டறை போட்டாலும் பொழச்சுக்குங்க."

அமெரிக்காவிலோ வேறெங்கோ இந்த ஆட்டத்துக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். சத்தம் காதைக் கிழிக்கும், பிள்ளைகளுக்குக் காதடைப்பு மாட்டுங்கள். முடிந்தால் ஆட்டத்துக்கு முன்பே உள்ளே போய், வண்டியின் மேலிருக்கும் ஓவியத்தைப் பார்த்த கையோடு குனிந்து அடியிலும் பாருங்கள். எங்கே புதிதாகப் பற்றவைத்த தையல் தெரிகிறதோ, போன ஆட்டத்தில் உடைந்தது அதுதான்.