பொம்மைத் துப்பாக்கி: கடையில் தொங்கவிடும் முன்

தைப்பூசமும் பங்குனி உத்திரமும் நெருங்கினால் பழனி சுற்று வட்டாரத்தில் பொம்மை வியாபாரம் சூடு பிடிக்கும். நம் நெய்க்காரப்பட்டி மளிகைக் கடைகளிலும் பிஸ்கட் சரத்தோடு பொம்மைத் துப்பாக்கி அட்டைகள் தொங்குவதைப் பார்க்கலாம். முன்பெல்லாம் சுருள் கேப் துப்பாக்கி ஒன்றுதான். இப்போது மஞ்சள் குண்டு போட்டுச் சுடுவது, ஜெல் உருண்டை அடிப்பது, நிஜத் துப்பாக்கி போலவே இருப்பது என்று பல ரகம் வந்துவிட்டது. வாங்கி விற்கும் நாம் அவற்றின் வகையையும் வலுவையும் தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால் பாதிக்கப்படுவது பெரும்பாலும் ஒரு பிள்ளையின் கண். சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியது கடைக்காரர்.

முதலில் வகை. கேப் துப்பாக்கியில் குண்டு கிடையாது, சத்தம் மட்டுமே. ஆனால் அதில் போடும் கேப் பட்டாசு இனம். அதை விற்கப் பட்டாசு உரிமம் வேண்டும். திருவிழாவில் பலூன் சுடும் கடையில் இருப்பது ஏர்கன். அது 4.5 மில்லிமீட்டர் ஈய ரவையைக் காற்றழுத்தத்தால் தள்ளுகிறது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற 10 மீட்டர் போட்டியும் இந்த 4.5 மில்லிமீட்டர் ரவையில்தான். இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பது 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டு. வெளிநாடுகளில் இதற்கு ஏர்சாஃப்ட் என்று பெயர்.

ஏர்சாஃப்ட் ஜப்பானில் பிறந்தது. அங்கே பொதுமக்கள் நிஜத் துப்பாக்கி வைத்திருக்கக் கடும் கட்டுப்பாடு உண்டு. எனவே ஆசைக்கு அச்சு அசலான மாதிரிகளைச் செய்தார்கள். டோக்கியோ மாருய் கம்பெனி 1991ல் பேட்டரி மோட்டாரில் ஓடும் துப்பாக்கியை வெளியிட்டது. மோட்டார் பல்சக்கரத்தைச் சுழற்றும், சக்கரம் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்கும், ஸ்பிரிங் விடுபட்டதும் காற்று குண்டைத் தள்ளும். அதன் பிறகு இது உலகம் முழுவதும் பெரியவர்களின் பொழுதுபோக்காகப் பரவியது. கண்ணாடி, முகமூடி அணிந்து மைதானத்தில் அணி பிரிந்து ஆடுகிறார்கள்.

வலுவை அளக்கும் கணக்கு நம் வணிகர்களுக்குக் கஷ்டமல்ல. குண்டின் எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் ஜூல் கணக்கு வரும். எடை கிலோவிலும் வேகம் வினாடிக்கு இத்தனை மீட்டர் என்றும் இருக்க வேண்டும். 0.20 கிராம் குண்டு வினாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் போனால் 1 ஜூல். அரை கிராம் ஈய ரவை 200 மீட்டர் வேகத்தில் போனால் 10 ஜூல். இதில் கவனிக்க வேண்டியது வேகம். எடை இரட்டித்தால் வலுவும் இரட்டிக்கும். வேகம் இரட்டித்தாலோ வலு நாலு மடங்காகும். ஜப்பான் 2006ல் 6 மில்லிமீட்டர் குண்டுக்கு 0.98 ஜூல் என்று உச்சவரம்பு வைத்தது. அந்த ஒரு ஜூலே கண்ணில் பட்டால் பார்வை போகக்கூடும்.

லண்டனிலோ கனடாவிலோ உறவினர் வைத்திருப்பதைப் பார்த்த இளைஞர்கள், "அண்ணாச்சி, இதுக்கு ஸ்பிரிங் மாத்த முடியுமா?" என்று கேட்பதுண்டு. விவரம் தெரிந்த பொழுதுபோக்காளர்கள் ஸ்பிரிங்கில் முதலில் கை வைப்பதில்லை. குழலின் உட்புறத்தைத் துடைப்பார்கள். அடுத்து, குண்டுக்குப் பின்சுழற்சி கொடுக்கும் சிறிய ரப்பரை மாற்றுவார்கள். குண்டு ஏறத்தாழ 5.95 மில்லிமீட்டர், சாதாரணக் குழல் 6.08 வரை. அந்த இடைவெளியைக் குறைக்க 6.03 குழல் போடுவார்கள். 0.20க்குப் பதில் 0.25 கிராம் குண்டு போட்டால் காற்றில் அலையாது. இவற்றால் குறி சீராகும். வெறும் ஸ்பிரிங்கை மட்டும் கெட்டியாக்கினால் பிளாஸ்டிக் பிஸ்டனின் பல் தேய்ந்து உதிரும். குறியும் சரியாகாது, வலு மட்டும் ஏறும். அட்டையில் தொங்கும் மலிவுத் துப்பாக்கியில் இந்த வேலை செய்வது, என் கருத்தில், கட்டை வண்டிக்கு லாரி என்ஜின் பூட்டுவது போன்றது.

நம் நாட்டுச் சட்டத்துக்கு வருவோம். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி 0.177 அங்குலத்துக்கு, அதாவது 4.5 மில்லிமீட்டருக்கு, மேற்படாத துவாரமும் 20 ஜூலுக்கு மேற்படாத வலுவும் உள்ள ஏர்கன்னுக்கு வாங்குபவர் உரிமம் எடுக்கத் தேவையில்லை. அதே விதிகள் நிஜத் துப்பாக்கியை அப்படியே ஒத்திருக்கும் மாதிரிகளுக்கும் தனி விளக்கம் கொடுத்திருக்கின்றன. எனவே உலோக உடலும் கறுப்பு நிறமுமாக அசல் போலவே இருப்பதைப் பொம்மை என்று சொல்லித் தப்ப முடியாது. பொம்மைத் துப்பாக்கியைக் காட்டி நகைக்கடையிலும் வங்கியிலும் மிரட்டிய செய்திகளை நாம் பத்திரிகைகளில் படித்திருக்கிறோம். அப்படிப்பட்ட சரக்கு நம் கல்லாவுக்கு எதிரே தொங்க வேண்டுமா? இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, விளையாட்டு அணியில் சேராத ஒருவருக்குப் பளிச்சென்ற நிறத்தில் உள்ளதைத்தான் விற்கலாம், அதுவும் 18 வயது நிரம்பியவருக்கு மட்டும்.

பிள்ளைகள் பொம்மைக்கு வேறு சட்டம். 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகள் அனைத்துக்கும் 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். சாதாரணப் பொம்மை என்றால் ஐ.எஸ். 9873, பேட்டரியில் விளக்கெரிந்து சத்தம் போடுவது என்றால் ஐ.எஸ். 15644 என்ற எண்ணும், கூடவே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் யாருக்குக் கொடுத்த உரிமம் என்று தெரிந்துவிடும். வெளிநாட்டுச் சரக்குக்கும் இதே விதி. முத்திரை இல்லாததை விற்பது மட்டுமல்ல, விற்பதற்காக இருப்பு வைப்பதும் காட்சிக்கு வைப்பதும் குற்றம். 2016ஆம் ஆண்டு பி.ஐ.எஸ். சட்டம் முதல் தடவைக்கு 2 ஆண்டு வரை சிறை அல்லது குறைந்தது 2 லட்ச ரூபாய் அபராதம் என்கிறது. அடுத்த தடவை என்றால் அபராதம் 5 லட்சத்தில் தொடங்கும். ஒரு அட்டையில் நமக்குக் கிடைக்கும் லாபத்தை இதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

2025 தீபாவளிக்கு மத்தியப் பிரதேசத்தில் கார்பைடு துப்பாக்கி என்ற பெயரில் பிளாஸ்டிக் குழாய்ப் பொருள் ஒன்று சாலையோரங்களில் 150, 200 ரூபாய்க்கு விற்றது. உள்ளே கால்சியம் கார்பைடும் தண்ணீரும் சேர்ந்து வாயுவாகி வெடிக்கும். வெடிக்காதபோது பிள்ளைகள் குழாய்க்குள் எட்டிப் பார்த்தார்கள், அந்த நேரத்தில் வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்டோருக்குக் கண்ணில் காயம், சில பிள்ளைகளுக்குப் பார்வையே போயிற்று. அந்த மாநில அரசு பிறகு தடை விதித்தது. பழம் பழுக்க வைக்கும் தடைசெய்யப்பட்ட கல்லும் இதே கார்பைடுதான். எனவே சிறுவர்கள் வந்து சில்லறையாகக் கல் கேட்டால் எதற்கென்று புரிந்துகொள்ளுங்கள்.

சரக்கு எடுக்கும்போது அட்டையைத் திருப்பி முத்திரையையும் எண்ணையும் பாருங்கள். குண்டு விசையோடு பாயும் ரகம் என்றால், முத்திரை இருந்தாலும் சிறு பிள்ளை கையில் கொடுக்காமல் உடன் வந்த பெரியவரிடம் சொல்லிக் கொடுங்கள். பில்லில் வெறுமனே "பொம்மை வகை" என்று எழுதச் சம்மதிக்காமல், பொருளின் பெயரும் கம்பெனிப் பெயரும் எழுதி வாங்குங்கள். பில் தர மறுக்கும் ஏஜெண்டின் சரக்கை, விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும், வண்டியை விட்டு இறக்கவே வேண்டாம்.