கூடைதான் இவங்களுக்கு பாங்க்!
டெபாசிட் இல்லாமல் முதியோர்களுக்கு சோறு போடும் கன்னியர்கள்

சேத்துப்பட்டு ஹாரிங்டன் ரோடு. பெரிய பெரிய பங்களாக்கள், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று பணக்காரத்தனம் மினுக்கும் தெரு. அந்த தெருவில் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. “ஏழைகளின் சிறிய சகோதரிகள்” என்ற கன்னியர் சபை நடத்தும் இல்லம். இங்கிலீசில் லிட்டில் சிஸ்டர்ஸ் ஆப் தி புவர்.

தெரு பணக்காரத் தெரு. உள்ளே இருப்பவர்கள் பரம ஏழைகள். பிள்ளை இல்லாதவர்கள், இருந்தும் இல்லாதவர்கள். 60 வயது தாண்டி, போக்கிடம் இல்லாமல் வந்தவர்கள். இந்துவா, முஸ்லிமா, கிறிஸ்தவரா என்ற கேள்வி கிடையாது.

இந்த சபைக்கு ஒரு விசித்திரமான சட்டம் உண்டு. வட்டியில் காலம் தள்ள பாங்கில் பெரும் பணம் போட்டு வைக்கக் கூடாது. மாதா மாதம் நிலையாக வரும் வாடகை வருமானம் கூடாது. அன்றாடம் கேட்டு வாங்கித்தான் அன்றாடம் சோறு போட வேண்டும்!

“இது என்னய்யா கூத்து? நாளைக்கு யாரும் தரலைன்னா கிழவன் கிழவிங்க பட்டினியா?” என்று கேட்கத் தோன்றுகிறதா? நியாயமான கேள்விதான். பதில் தெரிய வேண்டுமானால் பிரான்சு நாட்டுக்குப் போக வேண்டும். அதுவும் 1839-ம் ஆண்டுக்கு.

வேலைக்காரி போட்ட விதை

செயின்ட் செர்வான் என்ற கடற்கரை ஊர். அங்கே ஒரு வேலைக்காரப் பெண். பெயர் ஜான் ஜூகான். ஜான் என்றதும் ஆண் என்று நினைக்க வேண்டாம். அந்த ஊரில் அது பெண் பெயர்.

1792-ல் கான்காலே என்ற மீன்பிடி ஊரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே தகப்பனாரை கடல் கொண்டு போய்விட்டது. 16 வயதில் ஒரு பங்களாவில் சமையல் வேலை. பிறகு ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை. அப்புறம் ஒரு வயதான சீமாட்டிக்கு பணிவிடை. கல்யாணம் செய்து கொள்ளவில்லை.

1839-ம் ஆண்டு குளிர்காலம். ஜானுக்கு அப்போது 47 வயது. கண் தெரியாத, கை கால் விழுந்த ஒரு கிழவி. பெயர் ஆன் ஷோவான். கவனிக்க ஆள் இல்லை. ஜான் அந்த கிழவியை தன் வீட்டுக்கு கொண்டு வந்தார். மாடிப்படி ஏற்றி, தன் கட்டிலில் படுக்க வைத்தார். தான் பரணில் போய் படுத்துக் கொண்டார்.

அதுதான் ஆரம்பம். திட்டம் இல்லை, கமிட்டி இல்லை, திறப்பு விழா இல்லை. ஒரு கட்டில்!

ஒரு கிழவி வந்ததும் இன்னொரு கிழவி வந்தார். 1841-ல் வேறு இடம் பார்க்க வேண்டியதாகி விட்டது. 12 பேர் சேர்ந்து விட்டார்கள். 1842-ல் ஒரு பழைய மடத்துக் கட்டடத்தையே வாங்க வேண்டி வந்தது.

“கூடையை என்கிட்ட கொடுங்க”

கட்டடம் கிடைத்து விட்டது. சாப்பாடு?

வந்த கிழவிகளில் பலர் தெருவில் பிச்சை எடுத்துப் பிழைத்தவர்கள். சோற்றுக்காக மறுபடியும் தெருவுக்குப் போகப் புறப்பட்டார்கள். போனால் குளிர், மழை, குடி, அவமானம்.

ஜான் தடுத்தார். “நீங்க போக வேண்டாம். கூடையை என்கிட்ட கொடுங்க. உங்களுக்கு வழக்கமா தர்றவங்க யார் யார்னு சொல்லுங்க. உங்களுக்கு பதிலா நான் போறேன்” என்பதுதான் அவர் போட்ட திட்டம்.

யோசித்துப் பாருங்கள். நாலு வீட்டில் கௌரவமாக வேலை பார்த்த பெண். அதே ஊரில், அதே வீட்டு வாசல்களில் கூடையோடு போய் நிற்பதென்றால்? கால் கூசாதா? கூசியது. ஆனாலும் போனார்.

காசு மட்டும் கேட்கவில்லை. மிச்சம் விழுந்த ரொட்டி, விறகு, பழைய துணி, கம்பளி, காய்கறி... எது கொடுத்தாலும் வாங்கிக் கொண்டார். உடம்பில் தெம்பு இருந்த கிழவிகள் சும்மா இருக்கவில்லை. கம்பளி சிக்கெடுத்தார்கள், நூல் நூற்றார்கள். அதை விற்ற காசும் உலைக்குப் போனது. “நாமும் சம்பாதிக்கிறோம்” என்ற ரோஷம் அவர்களுக்கு!

கன்னத்தில் விழுந்த அறை

வசூலுக்குப் போன இடத்தில் எல்லோரும் இனிக்க இனிக்கப் பேசுவார்களா? ஒரு முறை ஒரு ஆள் கோபத்தில் கை நீட்டி விட்டானாம். ஜான் அழவில்லை. “இது எனக்கு. சரி, என் ஏழைகளுக்கு ஏதாவது கொடுங்க” என்றாராம்.

இன்னொரு சம்பவமும் சொல்வார்கள். ஒரு பணக்காரர் ஒரு நாள் கொடுத்தார். மறுநாளும் ஜான் போய் நின்றார். “நேத்துதானே கொடுத்தேன்?” என்று பணக்காரர் எரிந்து விழுந்தார். “நேத்து அவங்களுக்கு பசிச்சுது. இன்னைக்கும் பசிக்குது. நாளைக்கும் பசிக்கும்” என்று அமைதியாக பதில் வந்தது. அந்த ஆசாமி அன்றிலிருந்து நிரந்தர உபயதாரர் ஆகி விட்டாராம்.

இது பல தலைமுறையாக வாய்வழியாக வரும் கதை. ஆனால் முதியோர் இல்லம் நடத்தும் யாரைக் கேட்டாலும் ஒன்று சொல்வார்கள். அந்த பதில்தான் இந்த தொழிலின் முதல் பாடம். பசிக்கு நேற்று கிடையாது.

1845-ம் ஆண்டு டிசம்பரில் பிரெஞ்சு அகாடமி ஜானுக்கு மோந்தியோன் பரிசு கொடுத்தது. 3 ஆயிரம் பிராங்க்.

பெயரை மறைத்தார்கள்!

கதையில் ஒரு திருட்டும் உண்டு. நகை திருட்டு அல்ல. பெயர் திருட்டு!

1843 டிசம்பரில் சகோதரிகள் கூடி ஜானை மறுபடியும் தலைவியாக தேர்ந்தெடுத்தார்கள். இரண்டே வாரத்தில் லெ பையூர் என்ற பாதிரியார் அந்த தேர்தலை செல்லாது என்று தள்ளி விட்டார். தனக்கு சொன்னபடி கேட்கும் ஒரு இளம் சகோதரியை தலைவி ஆக்கினார். 1852-ல் ஜானை வசூலில் இருந்தும் நிறுத்தி மடத்துக்குள் உட்கார வைத்தார். சபையை ஆரம்பித்ததே தான்தான் என்று வெளியில் பெயர் எடுத்துக் கொண்டார்.

ஜான் 27 வருடம் அந்த மடத்தில் ஒரு மூலையில் இருந்தார். புதிதாக வந்த இளம் சகோதரிகளுக்கு, தங்கள் சபையை நிறுவியவர் இந்த கிழவிதான் என்பதே தெரியாது! 1879 ஆகஸ்டு 29-ந் தேதி இறந்தார். அப்போது சபைக்கு 177 இல்லங்கள், 2,400 சகோதரிகள்.

உண்மை எத்தனை நாள் ஒளிந்திருக்கும்? மேலிடம் விசாரணை நடத்தியது. 1890-ல் அந்த பாதிரியார் பொறுப்பில் இருந்து நீக்கப்பட்டு ரோமுக்கு அழைக்கப்பட்டார். ஜான் ஜூகானுக்கு 2009 அக்டோபர் 11-ந் தேதி ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தார்கள்.

“நிலையான வருமானம் வேண்டாம்”

மூலையில் உட்கார வைத்த அந்த கிழவியைத் தேடி ஒரே ஒரு தடவை ஆள் போனது. 1865-ல். நிலையான வருமானம் வரும்படி சொத்துகளை சபைக்கு கொடுக்க ஆட்கள் தயாராக இருந்தார்கள். வாங்கலாமா, கூடாதா? பெரிய தலைகளுக்கு குழப்பம். ஜானையும் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

வேண்டாம் என்றார். அவர் சொன்னபடியே முடிவானது.

காரணம் என்ன? பெட்டியில் பணம் இருந்தால் வாசலுக்குப் போக வேண்டாம். வாசலுக்குப் போகாவிட்டால் ஊர் இந்த கிழவர்களை மறந்து விடும். கேட்கும்போதுதான் ஊருக்கும் ஞாபகம் வருகிறது. “நம்ம தெருவிலே இத்தனை பேர் இருக்காங்க” என்று!

அந்த வழக்கம் இன்றும் இருக்கிறது. சகோதரிகள் கடை வீதிக்கும் மார்க்கெட்டுக்கும் போய்க் கேட்டு வாங்குகிறார்கள். இல்லத்தில் ஏதாவது தீர்ந்து போனால் புனித சூசையப்பர் சிலைக்கு முன்னால் அந்த பொருளை, இல்லை காலி டப்பாவை, வைத்து விடுவார்கள். “சாமி, இது தீர்ந்து போச்சு, பார்த்துக்குங்க” என்று அர்த்தம்! பக்தி என்பவர்கள் பக்தி என்று சொல்லுங்கள். இல்லத்துக்கு வருகிறவர் கண்ணில் அந்த டப்பா படும் என்பதையும் மறந்து விட வேண்டாம்.

அந்த வீட்டில் இன்னொரு வழக்கம். யாருக்காவது கடைசி நேரம் நெருங்கி விட்டால் சகோதரிகள் முறை போட்டுக் கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். இரவானாலும் சரி. தனியாக யாரும் சாகக் கூடாது.

நம்ம ஊர் விச்ராந்தி

இது ஒரு மதத்துக்கு மட்டும் சொந்தமான வேலையா? இல்லை. அதே சென்னையில் 1978-ல் ஆதரவற்ற மூதாட்டிகளுக்காக “விச்ராந்தி” இல்லம் தொடங்கியது. தொடங்கியவர் சாவித்திரி வைத்தி. கூட நின்றது “மண்டே சாரிட்டி கிளப்” பெண்கள். அதே 1978-ல்தான் “ஹெல்ப்பேஜ் இந்தியா” அமைப்பும் பிறந்தது.

செவ்வாய்க்கிழமை யார் வருவார்?

இப்போது நம்ம ஊர் கணக்குக்கு வருவோம். ஒரு இல்லத்தில் 50 பேர் என்று வைத்துக் கொள்ளுங்கள். மூன்று வேளை சாப்பாடு. ஒரு நாளைக்கு 150 இலை. மாதத்துக்கு 4,500. வருடத்துக்கு 54 ஆயிரத்து 750 இலை!

நன்கொடை எப்போது வருகிறது? தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ், தை அமாவாசை, ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை. அன்றைக்கு போன் அடித்தால், “சார், இன்னைக்கு மூணு பார்ட்டி புக் ஆயிடுச்சு, வேற தேதி சொல்லுங்க” என்பார்கள். வடை, பாயசம், லட்டு என்று வந்து குவியும். சர்க்கரை வியாதிக்காரர் லட்டை கையில் வைத்துக் கொண்டு முழிப்பார்.

சரி, ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை? ஐப்பசி அடைமழையில் ஒரு புதன்கிழமை? அன்றைக்கும் 150 இலை போட்டாக வேண்டுமே!

சேலை வரும், போர்வை வரும். வராதது என்ன தெரியுமா? படுத்த படுக்கையாக இருப்பவருக்கு டயப்பர். ஒரு ஆளுக்கு நாளைக்கு மூன்று என்று வைத்தாலும் மாதம் 90. அப்படி 10 பேர் இருந்தால் 900! பிரஷர் மாத்திரை, கரண்ட் பில், கழுவித் துடைக்கும் ஆயாவுக்கு சம்பளம், கடைசியில் தகனச் செலவு... இதற்கெல்லாம் யார் பிறந்த நாளில் காசு தருகிறார்கள்? டயப்பர் பாக்கெட்டோடு நின்று யாரும் போட்டோ எடுத்துக் கொள்வதில்லை!

போட்டோ என்றதும் இன்னொரு விஷயம். சோறு போட வருகிறவர்கள் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரை நிமிர்ந்து பார்க்கச் சொல்லி படம் எடுக்கிறார்கள். அந்த மனிதர் ஒரு காலத்தில் நாலு பேருக்கு சோறு போட்டவராக இருக்கலாம். அவரும் ஒரு வீட்டுக்காரர். கேட்டு விட்டு எடுங்கள். வேண்டாம் என்றால் விட்டு விடுங்கள்.

ரசீதைப் பாருங்க!

ரெயிலிலும் பஸ் ஸ்டாண்டிலும் டப்பா குலுக்குகிறவர்கள் எல்லாம் யோக்கியர்கள் அல்ல. முதியோர் இல்லம் பெயரைச் சொல்லி வசூல் செய்யும் ஆசாமிகள் உண்டு. ஏமாறாமல் இருக்க சில வழிகள்:

ரசீதில் இல்லத்தின் பதிவு எண், முகவரி இருக்கிறதா பாருங்கள். சமூக நலத்துறையில் பதிவான இல்லமா என்று கேளுங்கள். முடிந்தவரை இல்லத்தின் பாங்க் கணக்கிலேயே பணம் போடுங்கள். 2017-ல் வந்த விதிப்படி, 2 ஆயிரம் ரூபாய்க்கு மேல் ரொக்கமாக கொடுத்தால் வருமான வரிச் சலுகை கிடையாது. சலுகையும் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான்.

எல்லாவற்றையும் விட நல்ல வழி, நேரில் போவது. சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சாயங்காலம் போங்கள். கக்கூஸ் சுத்தமாக இருக்கிறதா, படுக்கையில் இருப்பவருக்கு முதுகில் புண் இருக்கிறதா, உங்களைப் பார்த்ததும் உள்ளே இருப்பவர்கள் பயப்படாமல் பேசுகிறார்களா? இந்த மூன்றையும் பார்த்தால் போதும். எந்த சான்றிதழும் சொல்லாததை அது சொல்லி விடும்.

பெற்றவர்களை விட்டு ஓடினால்...

கடைசியாக பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இல்லம் இருக்கிறதே என்று தாய் தகப்பனை பஸ் ஸ்டாண்டில் விட்டு விட்டுப் போகிறவர்கள் கவனிக்கவும். 2007-ம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி அது குற்றம். 3 மாதம் வரை ஜெயில், அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெற்றோர் ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுத்தால், மாதம் 10 ஆயிரம் ரூபாய் வரை கொடுக்கச் சொல்லி உத்தரவு போடலாம். வக்கீல் வைக்கத் தேவையில்லை.

கைவிடப்பட்ட முதியவரை எங்கேயாவது பார்த்தால் 14567 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். காசு கிடையாது.

உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லம் கட்டாயம் இருக்கும். வருடத்தில் 365 நாள். பண்டிகையும் அமாவாசையும் போக மிச்ச நாட்கள் எல்லாம் காலியாகத்தான் கிடக்கின்றன. போன் போட்டு, “எந்த தேதிக்கு யாரும் வரலை?” என்று கேளுங்கள்.

அந்த தேதியை எடுத்துக் கொள்ளுங்கள்!