கிளவுட் பில் எகிறுதா? டேஷ்போர்டைத் திறந்து பாருங்க!

மீஞ்சூரைச் சுற்றி வடசென்னை அனல்மின் நிலையம், எண்ணூர் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி துறைமுகம் எல்லாம் இருக்கின்றன. வடக்கே கொஞ்ச தூரம் போனால் கும்மிடிப்பூண்டி சிப்காட். இவற்றை நம்பி லாரி டிரான்ஸ்போர்ட், கிடங்கு, லேத் பட்டறை என்று பல சிறு தொழில்கள் நடக்கின்றன. அப்படி ஒரு தொழில் உங்களுடையதா? உங்கள் கணக்கு மென்பொருளோ, லாரி எங்கே போகிறது என்று காட்டும் ஆப்போ, நிறுவனத்தின் இணையதளமோ கிளவுட் சர்வரில் ஓடினால், மாதாமாதம் ஒரு பில் வரும். போன மாதத்தைவிட இந்த மாதம் ஏன் கூடியது என்று கேட்டால், சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தவர்கூட சட்டென்று பதில் சொல்ல மாட்டார். ஆனால் பதில் உங்கள் போனிலேயே இருக்கிறது.

கிளவுட் என்பது வாடகை சர்வர்

கிளவுட் என்றால் வேறொன்றுமில்லை, வேறொருவருடைய கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுப்பதுதான். அந்தக் கம்ப்யூட்டர்கள் வெகுதூரத்தில் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. மைக்ரோசாஃப்ட் 2015-ல் சென்னையில் கிளவுட் மையம் தொடங்கியது. அமேசான் 2016-ல் மும்பையிலும், 2022-ல் ஹைதராபாத்திலும் தொடங்கியது.

இந்த வாடகையில்தான் சூட்சுமம். கல்யாணத்துக்கு எடுத்த ஜெனரேட்டரை நினைத்துப் பாருங்கள். பந்தலில் ஒரு பல்பு எரிந்தாலும் நூறு பல்பு எரிந்தாலும் மணி வாடகை ஓடும். சர்வரும் அப்படித்தான். நீங்கள் வேலை பார்த்த நேரத்துக்கு மட்டும் காசு இல்லை, அது ஆனில் இருந்த நேரம் முழுக்கக் காசு.

எங்கே பார்ப்பது?

அமேசானில் 'காஸ்ட் எக்ஸ்ப்ளோரர்', மைக்ரோசாஃப்ட் அஷூரில் 'காஸ்ட் மேனேஜ்மென்ட்', கூகுள் கிளவுடில் 'பில்லிங் ரிப்போர்ட்ஸ்'. பெயர்தான் வேறு, வேலை ஒன்றே. மூன்று நிறுவனங்களுக்கும் மொபைல் ஆப் உண்டு. திறந்ததும் மொத்தத் தொகையைப் பார்த்துப் பதற வேண்டாம். கடைசி மூன்று மாதங்களை எடுத்து, 'சர்வீஸ்' வாரியாகப் பிரித்துப் பாருங்கள். எந்தப் பட்டை உயரமாக நிற்கிறதோ, முதலில் அங்கே தேடுங்கள்.

தேட வேண்டிய நான்கு இடங்கள்

1. சும்மா ஓடும் சர்வர்: ஒரு மாதத்துக்கு சுமார் 730 மணி நேரம். உங்கள் அலுவலகம் தினமும் 10 மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் வெறும் 260 மணி நேரம்தான். அலுவலக வேலைக்கு மட்டும் பயன்படும் சர்வரை இரவிலும் விடுமுறையிலும் தானாக அணையும்படி வைத்தால், அதன் மணி வாடகை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். இணையதளமும் லாரி டிராக்கிங்கும் இதில் சேராது, அவை ஓடிக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

2. தேவைக்கு மேல் பெரிய சர்வர்: ஒரே வகை சர்வரில் ஒரு படி மேலே போனால் பெரும்பாலும் வாடகை இரண்டு மடங்கு. இரண்டு வாரமாக சிபியு பயன்பாடு 10 சதவீதத்தைத் தாண்டவில்லை என்று வரைபடம் காட்டுகிறதா? மெமரி பயன்பாட்டையும் பார்த்துவிட்டு, ஒரு படி இறக்கலாமா என்று கேளுங்கள்.

3. மிச்சம் மீதி: சர்வரை அணைத்தாலும் அதன் டிஸ்க்குக்கு வாடகை நிற்காது. பொது ஐபி முகவரிக்கும் தனிக் கட்டணம் உண்டு. அமேசான் 2024 பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு அரை சென்ட் வாங்குகிறது. 30 நாள் மாதத்துக்கு 3.60 டாலர். சின்னத் தொகைதான், ஆனால் மறந்துபோன நான்கைந்து முகவரி இருந்தால் வருடக் கணக்கில் எவ்வளவு ஆகும்?

4. பழைய பேக்கப்: தினமும் எடுக்கும் பேக்கப் அழியாமல் சேர்ந்துகொண்டே போகும். அதற்காக எல்லாவற்றையும் அழித்துடாதீங்க! ஜிஎஸ்டி சட்டப்படி, கணக்குப் பதிவுகளை அந்த ஆண்டின் ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும். பழையவற்றை 'ஆர்க்கைவ்' என்ற மலிவு சேமிப்புக்கு மாற்றலாம். அங்கிருந்து திரும்ப எடுக்கச் சில மணி நேரம் ஆகலாம், தனிக் கட்டணமும் இருக்கலாம். அவசரத்துக்கு வேண்டியதை அதில் போடாதீர்கள்.

எச்சரிக்கை மணி, பூட்டு அல்ல

டேஷ்போர்டில் 'பட்ஜெட்' என்ற வசதி இருக்கும். மாதத் தொகையைக் குறிப்பிட்டு, 50, 80, 100 சதவீதத்தில் மெயில் வரும்படி வையுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீங்க: இது மணி அடிக்கும், செலவை நிறுத்தாது. தகவல் வந்ததும் நீங்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

அந்த மெயில் யாருக்குப் போகிறது என்பதும் முக்கியம். கிளவுட் கணக்கு சாஃப்ட்வேர்காரர் பெயரில் இருந்தால், மணி அவர் வீட்டில்தான் அடிக்கும். கணக்கை உங்கள் நிறுவனத்தின் பெயருக்கு மாற்றிக் கேளுங்கள். குறைந்தபட்சம், பில்லைப் பார்க்க மட்டும் அனுமதி உள்ள ஒரு லாகினையாவது வாங்கி வையுங்கள். கிளவுட் சேவைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. கணக்கில் உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் பதிந்திருந்தால்தான் உள்ளீட்டு வரி வரவைக் கோர வழி கிடைக்கும்.

ஒரே நாளில் பட்டை பல மடங்கு உயர்ந்து நிற்கிறதா? யாரோ உங்கள் பாஸ்வேர்டையோ ரகசியச் சாவியையோ திருடி, உங்கள் செலவில் சர்வர் ஓட்டிக்கொண்டிருக்கலாம். உடனே பாஸ்வேர்டை மாற்றி, பழைய சாவிகளை ரத்து செய்து, கிளவுட் நிறுவனத்திடம் சொல்லுங்கள். சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் தாமதிக்காமல் அழையுங்கள்.

தொழில் இல்லையா? உங்களுக்கும்தான்!

கூகுள் தரும் 15 ஜிபி இலவச இடம் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான். 2021 ஜூன் 1 முதல் ஏற்றப்படும் படங்களும் இந்தக் கணக்கில் சேர்கின்றன. 'இடம் நிரம்பிவிட்டது' என்று செய்தி வந்ததும் சந்தா கட்டிவிட வேண்டாம். கூகுள் ஒன் ஆப்பில் 'ஸ்டோரேஜ்' பகுதியைத் திறந்தால் எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று தெரியும். பெரிய வீடியோக்களையும், குப்பைத் தொட்டியில் கிடப்பவற்றையும் முதலில் நீக்கிப் பாருங்கள். சந்தாவே தேவைப்படாமல் போகலாம்.

மாதத்தில் ஒரு நாள், கால் மணி நேரம் போதும். கரண்ட் பில்லை யூனிட் பார்த்துக் கட்டுகிறோம் இல்லையா? இந்த பில்லையும் அப்படிப் பார்த்தே கட்டுங்கள்.